கரும்புச் சோகைக்குள் கம்ப்யூட்டர்

"புளிய மரத்த வெட்டி ரோட்டுல சாச்சுட்டாங்க சார். பஸ்ஸு கிஸ்ஸு ஒண்ணும் வராது. இந்த கம்ப்யூட்டர இன்னா பண்ணப் போறீங்க?"

இப்படிக் கேட்டு, கணக்கு வாத்தியார் நாராயணசாமியை உட்கார விடாமல் செய்தவள் பாப்பாத்தி. காலையில் பள்ளிக்கூடத்தையும் மாலையில் பஞ்சாயத்து டீவி அறையையும் பெருக்குகிறவள்.

எண்பத்தேழு செப்டம்பர். இடஒதுக்கீடு கேட்டு ஊர் ஊருக்குச் சாலை மறியல். கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்து அரசு மேல்நிலைப் பள்ளிக்கு மூன்று மாதம் முன்னால்தான் ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. வந்த அன்று தேங்காய் உடைத்தார்கள். அறைக்கு நீலத் திரை மாட்டினார்கள். பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தரிசனம் பண்ணிவிட்டுப் போவார்கள். தொடக்கூடாது. தொட்டால் கெட்டுப்போகும் என்பது நாராயணசாமியின் கட்சி.

கடலூரில் நடந்த பத்து நாள் பயிற்சிக்குப் போய்வந்தவர் அவர்தான். நாற்பது வாத்தியார்களுக்கு ஒரே மெஷின். நாராயணசாமியோ ஐந்தடிக்கு மேல் வளர மறந்தவர். பத்து நாளும் கடைசி வரிசையில் எக்கி நின்று, முன்னால் நின்றவரின் தோளுக்கு மேலே எழுத்து பளிச்சென்று ஓடுவதை மட்டும் பார்த்துவிட்டு வந்தார். சர்டிபிகேட் என்னவோ எல்லோருக்கும் ஒரே அளவுதான் கொடுத்தார்கள்.

தலைமை ஆசிரியர் கூப்பிட்டு அனுப்பினார்.

"வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி வர்றாரு. கம்ப்யூட்டர் இங்க ஓடலேன்னா வேற ஊர் பள்ளிக்கூடத்துக்கு மாத்திடுவாராம். ஒரு கீறல் விழுந்தாலும் உங்களுக்குத்தான் மெமோ. பாத்துக்குங்க."

சொல்லிவிட்டு அவர் லீவு போட்டுவிட்டார்.

கூட்டம் பள்ளிக்கூடத்துக்குள் புகுந்துவிட்டால்? கல் ஒன்று பறந்து வந்துவிட்டால்? கம்ப்யூட்டரை வீட்டுக்கே கொண்டுபோவது என்று நாராயணசாமி முடிவு செய்தார். திரைப்பெட்டியை வேட்டியில் சுற்றித் தலையில் ஏற்றிக்கொண்டார்.

"சார், இந்த டைப் அடிக்கிற பலகைய?" என்றாள் பாப்பாத்தி.

"எனக்கு ஒரு தலைதான இருக்குது? அது கெடக்கட்டும், தூசி தட்டி வை."

பதினொன்றாம் வகுப்பு நிர்மலா வாசலில் நின்றாள். கரும்பு வெட்டும் கூலிக்காரரின் மகள். கம்ப்யூட்டரோடு வந்த தடித்த இங்கிலீஷ் புத்தகத்தைப் போன மாதமே கேட்டு வாங்கிப் போனவள். அதைத் தான் படிக்க வேண்டியதில்லை என்று நாராயணசாமிக்கு ஒரு பெரிய நிம்மதி.

"சார், அந்தப் பலகைய நாங்க எடுத்துக்கவா?"

"எடுத்துக்குங்க. விரலாவது பழகட்டும்" என்றார், கர்ணன் மாதிரி.

வீட்டில் ரங்கம்மாள் வேட்டியை விலக்கிப் பார்த்தாள். "டீவி வாங்கறதுன்னா ஒரு வார்த்த சொல்லமாட்டீங்களா?"

"ஏய், இது டீவி இல்ல. கம்ப்யூட்டரு."

"மூஞ்சி அப்படியே டீவியாட்டம் கீது?"

"டீவி கீழ்ச்சாதி, இது மேல்..." என்று உவமை சொல்ல வாயெடுத்தவர், ஊர் இருக்கிற இருப்பில் அந்தப் பேச்சு வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டார். "மூஞ்சிய பாக்காத. உள்ள மூளை இருக்குது."

மறுநாள் மாலை வாசலில் பாயும் கையுமாக முப்பது பேர்.

"வாத்தியார் வூட்ல டீவி வந்துக்கீதாமே! பஞ்சாயத்து டீவி ரூமுல நேத்துலேர்ந்து பொட்டப் புள்ளைங்களா பூந்துக்கினு எங்கள வுட மாட்டேங்குதுங்க. அதான் இங்க வந்தோம்."

"இதுல படம் வராதுங்க!"

"பரவால்ல சார். செய்தியாவது போடுங்க."

கூட்டத்தைக் கலைப்பதற்குள் அவர் தொண்டை கட்டிவிட்டது. கடைசியாக நிர்மலா மட்டும் நின்றாள்.

"சார், இருபதாவது வரியில தப்புன்னு வந்தா, இருபதாவது வரிய மட்டும் திருப்பி அடிச்சா போதுமா சார்?"

எந்த இருபதாவது வரி? வாய்ப்பாடா, மனப்பாடச் செய்யுளா? நாராயணசாமிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வாத்தியார் முழிக்கலாமா?

"போதும்" என்றார் கம்பீரமாக.

"ஆமா சார், போதுமாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். அவருக்குத் தலை சுற்றியது.

இனி ஊருக்குள் வைத்தால் ஆபத்து. வடக்கனந்தலில் மச்சான் வீடு இருக்கிறது. மறுநாள் காலை வண்டிக்காரன் மாயவனின் மாட்டு வண்டியில் பெட்டியை ஏற்றி, மேலே கரும்புச் சோகையை, காய்ந்த தோகையை, மலை போலப் போட்டு மூடினார். தானும் அதன் மேல் ஏறி உட்கார்ந்தார்.

புளிய மரம் விழுந்த இடத்தில் ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் முனியன் என்பவன் எழுந்து வந்தான்.

"சோகைக்கு அடியில இன்னா சார்?"

"எதுக்குப்பா கேக்கற?"

முனியன் கையை விட்டுத் துழாவினான். வேட்டி தட்டுப்பட்டது. "பள்ளிக்கூடத்து கம்ப்யூட்டரா? அதுன்னா ஊரத் தாண்ட வுடமாட்டோம் சார். எங்க புள்ளைங்களுக்குப் படிப்பு வேணும், வேலை வேணும்னுதான் ரோட்டுல ஒக்காந்துகினு கீறோம். வந்திருக்கறது அது ஒண்ணு. அதயும் தூக்கிக்கினு போனா எப்படி?"

நியாயமான பேச்சு. ஆனால் மெமோ கண் முன்னால் ஆடியது. முப்பது வருட சர்வீஸில் ஒரு பொய் சொல்லாத நாராயணசாமி, மனதுக்குள் மாரியாத்தாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வாயைத் திறந்தார்.

"இது வெறும் டீவிப்பா."

"சத்தியமா?"

"சத்தியமா."

முனியன் முகம் மலர்ந்தது. "டீவின்னா தாராளமா போங்க!" நான்கு பேர் பெட்டியைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் பூப்போல இறக்கி வைத்தார்கள். "நம்ம மறியல் டீவியில வந்தா சொல்லுங்க சார்" என்று வேறு கேட்டுக்கொண்டார்கள். வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, பெட்டியைத் தலையில் ஏற்றி வடக்கனந்தலுக்கு நடந்தவருக்கு, நம்பிய ஜனங்களை ஏமாற்றிவிட்டோமே என்று கண்ணில் நீர் முட்டியது.

வியாழக்கிழமை பெட்டியைத் திருப்பி எடுக்கப் போனார். மச்சான் வீட்டில் பூட்டு தொங்கியது. குடும்பத்தோடு ரிஷிவந்தியம் கோயிலுக்குப் போனவர்கள் மறியலில் அங்கேயே மாட்டிக்கொண்டார்களாம். ஜன்னல் வழியே பார்த்தார். நடுக்கூடத்தில் பெட்டி பத்திரமாக இருந்தது. ஜன்னல் கம்பியும் பத்திரமாக இருந்தது.

அதிகாரி எப்படி வரப்போகிறார், பஸ்தான் இல்லையே என்று மனதைத் தேற்றிக்கொண்டு வெறுங்கையோடு திரும்பினார்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அதிகாரி வந்துவிட்டார். பாதி வழி சைக்கிள், பாதி வழி நடை. பேண்ட் முழங்கால்வரை சேறு. ஏழு மரங்களைத் தாண்டி வந்த கோபம் முகத்தில் அப்படியே இருந்தது.

"கம்ப்யூட்டர் ரூம் எது?"

நாராயணசாமி நீலத் திரையை விலக்கினார். மேசை காலி. ஓரமாக டைப் பலகை மட்டும் விரித்த துண்டின் மேல் இருந்தது. பாப்பாத்தி விளக்குமாற்றோடு ஒதுங்கி நின்றாள். ஜன்னலுக்கு வெளியே நிர்மலாவும் இன்னும் நாலைந்து பெண்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"எங்கய்யா கம்ப்யூட்டர்?"

"பத்திரமா இருக்குதுங்கய்யா. வடக்கனந்தல்ல."

"நான் வந்த வழியாச்சே அது! அங்க எதுக்குப் போச்சு?"

நாராயணசாமி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். வேட்டி, சோகை, சத்தியம், பூட்டு, ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்ல அவருக்கே அது யாரோ ஒரு பைத்தியக்காரன் கதை மாதிரி இருந்தது.

அதிகாரி பேனாவைத் திறந்தார். "மூணு மாசத்துல ஒரு புள்ளையாவது அதத் தொட்டிருக்குதா?"

"இல்லீங்கய்யா. தொட வுடல. கெட்டுடும்னு பயம்."

"படிச்சுக் குடுக்கக் குடுத்த கம்ப்யூட்டரைக் கரும்புச் சோகையில மூடியிருக்கீங்க. இந்தப் பள்ளிக்கூடத்துக்கு எதுக்கய்யா அது? வேற ஊருக்கு எழுதறேன். உங்களுக்கு மெமோ."

ஜன்னலில் நிர்மலாவின் முகம் வெளுத்தது. அதைப் பார்த்த நாராயணசாமிக்கு மெமோ மறந்துபோனது. "என்ன சஸ்பெண்டு கூடப் பண்ணுங்கய்யா. அத மட்டும் எடுத்துடாதீங்க. புள்ளைங்க பாவம்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

பாப்பாத்தி விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, மேசை மேலிருந்த பலகையை இரண்டு கையாலும் எடுத்து அதிகாரி முன்னால் நீட்டினாள்.

"சார் வடக்கனந்தலுக்குக் கொண்டும்போனது வெறும் டீவிதாங்கய்யா. இந்தப் பலகைதான் கம்ப்யூட்டருன்னு நிர்மலா பொண்ணு புத்தகத்துல படிச்சு சொல்லிச்சு, இத பஞ்சாயத்து டீவியில சொருகித்தான் இந்த ஒரு வாரத்துல நானே என் பேர எழுதக் கத்துக்கினேன்."