பாறைமேல் ஒரு பாடத்திட்டம்

இந்த வருஷம் என்ன ஆனாலும் சரி, பாந்த்ரா பேண்ட்ஸ்டாண்டில் கடலோரப் பாறையில் என் பெண்டாட்டியோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தே தீருவது என்று, தீபாவளியன்று தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும்போது முடிவு கட்டினேன். சொந்தப் பெண்டாட்டிதான். பதினாறு வருஷமாக ஒரே பெண்டாட்டிதான். இதற்கெல்லாம் ஒரு சபதமா என்று சிரிக்காதீர்கள். மும்பையில் கலியாணம் ஆகாதவர்களுக்குத்தான் பாறை. ஆனவர்களுக்கு ஒன் ரூம் கிச்சன்.

எங்களுடையது செம்பூரில், மூன்றாவது மாடியில். அந்த ஒரே அறை காலையில் பள்ளிக்கூடம், சாயங்காலம் ஹால், ராத்திரி படுக்கையறை. பள்ளிக்கூடம் என்றால் நிஜப் பள்ளிக்கூடம். எங்கள் மகள் முத்துமாரி செஸ் ஆடுகிறாள். போட்டி போட்டி என்று ஊர் ஊராகப் போனதில் வருகைப் பதிவு குறைந்துபோய், பள்ளிக்கூடத்தார் முகம் சுளித்தார்கள். என் மனைவி கோகிலவாணி அவளை நிறுத்தி வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். எதிர்வீட்டு ஆபிதாவின் பிள்ளைகள் சாதியாவும் பைசானும் துபாயிலிருந்து வருஷ நடுவில் திரும்பியதால் எங்கேயும் இடம் கிடைக்கவில்லை. அவர்களும் இங்கே வந்து சேர்ந்தார்கள். கோகிலா பி.எஸ்ஸி. படித்தவள். நான் படித்த பி.காம். எங்கள் வீட்டில் பீரோ மேல் இருக்கிறது.

நாங்கள் பேண்ட்ஸ்டாண்டுக்குப் போனதே இல்லை என்று சொல்ல முடியாது. கலியாணமான புதிதில் ஒருமுறை போனோம். உல்லாஸ்நகரிலிருந்து என் அக்கா, அத்தான், அத்தானின் தங்கைகள், அவர்கள் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். பாறையின் ஒரு முனையில் நான், மறு முனையில் கோகிலா. நடுவில் உல்லாஸ்நகர் முழுசும் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றது. கூட்டத்தின் தலைகளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், காற்றில் முந்தானை பறந்தது. அந்த முந்தானைக்குப் பக்கத்தில் போய் உட்கார வேண்டும் என்று அன்றைக்கு ஏங்கினவன்தான். இன்னும் போய்ச் சேரவில்லை.

இந்தச் சமயத்தில்தான் பூமி அறிவியல் வந்தது.

ஒரு நாள் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றும் முன்னே கோகிலா போனை நீட்டினாள்.

"பிள்ளையளுக்கு பூமி அறிவியல் ஆரம்பிக்கணும். மூணு பாடத்திட்டம் பாத்து வெச்சிருக்கேன். எது நல்லாருக்குன்னு சொல்லுங்க."

"என்னையா கேக்க?"

"ஆபிதாக்கா வீட்டுக்காரர் தூங்கிட்டாரு. அதான் உங்களக் கேக்கேன்."

முதலாவது அமெரிக்காவில் தயாரானது. முதல் பாடமே பனிப்பாறை.

"இது வேண்டாம். செம்பூர்ல ஐஸ்கட்டியே மீன்காரம்மா கூடைக்குள்ளதான் இருக்கு."

"நானும் அதான் நெனச்சேன். ரெண்டாவதப் பாருங்க. எல்லாம் வீடியோ. பிள்ளையோ பாட்டுக்குப் பாத்துக்கிட்டு இருக்கும். எனக்கு இதான் புடிச்சிருக்கு."

மூன்றாவதைப் பார்த்தேன். புனேக்காரர்கள் போட்டது. இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய் மண்ணையும் கல்லையும் நேரில் காட்ட வேண்டும். பெரியவர்கள் கூட வர வேண்டும். முதல் வகுப்பு, கடலோரப் பாறைகள்! அந்த வரியை இன்னொரு தரம் படித்தேன்.

"கோகிலா, பூமிய போன்லயா பாக்கது? காலுக்குக் கீழதானே கெடக்கு?"

"கெடக்கட்டும். அத யாரு எடுக்கச் சொன்னா?"

"அப்படியில்லட்டி. பிள்ளையோ தொட்டுப் பாக்கணும். கடல் பாக்கணும், காத்து பாக்கணும். கல்விங்கிறதுல பாதி கல்லுதான், தெரியுமா?"

"மீதி?"

"மீதி... வி."

அவள் சிரிக்கவில்லை. போனை வாங்கி மூன்றாவதைக் கவனமாகப் படித்தாள்.

"ஞாயித்துக்கிழமையா?"

"ஆமா."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"போக, வர, பாக்க, சாப்பிட... ஆறு மணி நேரம் புடிக்கும்."

கோகிலா எங்கள் அறையை ஒரு தரம் சுற்றிப் பார்த்தாள். பீரோவைப் பார்த்தாள், சுவரோரம் அடுக்கிய பிள்ளைகளின் பைகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் என்னவோ ஒரு ஏக்கம் தெரிந்தது. அவளுக்கும் அந்தப் பாறை ஞாபகம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"இதையே எடுத்துருவோம்," என்றாள்.

ஒரு வாரத்துக்கு வாதாட வேண்டியிருக்கும் என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அத்தனையும் வீணாகப் போயிற்று.

அதற்குப் பிறகு நான் படித்த படிப்பைப் பி.காமில் படித்திருந்தால் இந்நேரம் மேனேஜர் ஆகியிருப்பேன். கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும், எந்தப் பாறை முதலில் வெளியே வரும் எல்லாம் கரதலப்பாடம். பிள்ளைகளை ஒரு பூதக்கண்ணாடியோடு அந்தப் பக்கம் அனுப்பிவிடுவது, நாங்கள் இந்தப் பக்கம் உட்காருவது. இதுதான் என் பாடத்திட்டம். புதுச் சட்டை ஒன்றும் எடுத்தேன்.

"அடுத்த வாரம் போவோம். அன்னைக்குத்தான் தண்ணி நல்லா வத்துது," என்றேன்.

"அதெல்லாம் வேண்டாம். இந்த ஞாயித்துக்கிழமையே போகணும். காலைல பத்து மணி வண்டி. அத விட்டுறப்படாது."

"அவ்வளவு அவசரமா?"

"ஆமா," என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டே.

பதினாறு வருஷம் கழித்தும் வெட்கப்படுகிறாளே என்று உருகிப்போனேன். அன்று ராத்திரி பாத்திரம் கூடத் தேய்த்துக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. புதுச் சட்டை, தலைக்குப் படிய எண்ணெய், பையில் வேர்க்கடலை. கோகிலா ஒரு பெரிய பையைக் கொண்டுவந்து என் தோளில் மாட்டினாள். எலுமிச்சம் சாதம், தண்ணீர், பூதக்கண்ணாடி, பிள்ளைகள் எழுத வேண்டிய தாள்கள், மாற்றுத் துணி. அவள் மட்டும் நைட்டியில் நின்றாள்.

"நீ இன்னும் சேலை மாத்தலையா?"

"நான் எதுக்கு மாத்தணும்?"

"வர வேண்டாமா? பெரியவுக கூட வரணும்னு போட்டிருக்குல்லா?"

"நீங்க பெரியவுகதானே?"

"பெரியவன்தான்... ஆனா டீச்சர் நீதானே?"

"கல்லத் தொட்டுப் பாக்கணும், காத்தப் பாக்கணும்னு அன்னைக்கு எவ்வளவு அழகாச் சொன்னீய! அந்த மாதிரி எனக்குச் சொல்ல வருமா?"

அதற்குள் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஆபிதா இரண்டு பிள்ளைகளையும் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"அண்ணாச்சி, கோகிலா எல்லாம் சொன்னா. லீவு நாள்ல எந்த ஆம்பள இப்படிப் பிள்ளையளுக்காக அலைவான்? எங்க வீட்டுலயும்தான் ஒண்ணு இருக்கு. நீங்க தங்கமான மனுசன் அண்ணாச்சி!"

தங்கத்தால் என்ன செய்ய முடியும்? படியிறங்கினேன்.

பேண்ட்ஸ்டாண்டில் கடல் ஓரளவுக்கு வற்றியிருந்தது. கறுப்புப் பாறைகள் ஈரத்தோடு மின்னின. ஒவ்வொரு பாறையிலும் ஒரு ஜோடி. குடைக்குள் ஒரு ஜோடி, துப்பட்டாவுக்குள் ஒரு ஜோடி, எதற்குள்ளும் இல்லாமல் உலகத்தையே மறந்து ஒரு ஜோடி. அதற்கு நடுவில் எலுமிச்சம் சாதத்தோடு நான்.

"பிள்ளையளா, இதெல்லாம் ஒரு காலத்துல எரிமலைக் குழம்பு. ஆறி இறுகிக் கல்லாப் போச்சு. ஆறு கோடி வருஷத்துக்கு மேல ஆச்சு."

"அதுக்கப்புறம் ஒண்ணுமே நடக்கலையா அங்கிள்?" என்றான் பைசான்.

"எனக்கும் அப்படித்தான் இருக்குடே," என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

தாளில் முதல் கேள்வி: பாறைகளின் மேல் வாழும் உயிரினங்கள் யாவை? சாதியா சிப்பி, நத்தை, நண்டு என்று எழுதினாள். பைசான் அவற்றோடு 'பாய் ஃபிரெண்ட், கேர்ள் ஃபிரெண்ட்' என்றும் எழுதினான். எழுதினதோடு விடாமல் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஒரு குடைக்குப் பக்கத்தில் போனான்.

"அண்ணா, கொஞ்சம் தள்ளுங்க. நீங்க எரிமலை மேல உக்காந்திருக்கீங்க," என்று இந்தியில் சொன்னான்.

குடைக்குள்ளிருந்து ஒரு மீசை வெளியே வந்து என்னை முறைத்தது. "அங்கிள், பிள்ளைகளைக் கூட்டிட்டு வர்ற இடமா இது?"

அதைத்தானப்பா நானும் சொல்ல நினைத்தேன். அவனோடு குடைக்குள் இருந்த பெண் நகர்ந்து உட்கார்ந்தாள். காற்றில் அவள் துப்பட்டா பறந்தது. இவ்வளவு கடல், இவ்வளவு காற்று, இவ்வளவு பாறை! இதில் ஒரு முழம் இடம் போதுமே எங்கள் இரண்டு பேருக்கும். வாங்கி வந்த வேர்க்கடலையை நான் ஒருவனே தின்றேன். இனி இங்கே இருந்து ஆவதென்ன என்று பிள்ளைகளை எழுப்பினேன்.

பாந்த்ரா ஸ்டேஷனில் ஹார்பர் லைன் பிளாட்பாரம் வெறிச்சோடிக் கிடந்தது. ஒலிபெருக்கி இந்தியிலும் மராத்தியிலும் மன்னிப்புக் கேட்டது. மெகா பிளாக். தண்டவாள வேலை. சாயங்காலம் வரை செம்பூர் பக்கம் வண்டி கிடையாது.

"சே! இது தெரிஞ்சிருந்தா இன்னைக்கு வந்திருக்கவே மாட்டோமே," என்றேன்.

"அம்மாக்குத் தெரியுமேப்பா," என்றாள் முத்துமாரி.

"என்னது?"

"போன்ல பாத்துதான் அம்மா இந்த ஞாயித்துக்கிழமைய முடிவு பண்ணா. அடுத்த வாரம் மெகா பிளாக் நம்ம லைன்ல இல்லையாம். பத்து மணி வண்டில போயிட்டா அதுக்கப்புறம் பிளாக் ஆரம்பிச்சிரும், சாயந்தரம் வரைக்கும் யாரும் திரும்பி வர முடியாதுன்னு ஆபிதா ஆன்ட்டிட்ட சொன்னா."

நான் கடலின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்தேன். அவள் ரயிலின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்திருக்கிறாள்! எதற்கு? என்னைச் சாயங்காலம் வரை வீட்டுப் பக்கம் வரவிடாமல் செய்து அவளுக்கு என்ன காரியம்? எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆட்டோக்காரர்கள் நாலு பேரை ஏற்ற மாட்டோம் என்றார்கள். பஸ்ஸில் நின்றுகொண்டே, குர்லாவில் இன்னொரு பஸ் மாறி, வியர்த்து விறுவிறுத்துச் செம்பூர் வந்து சேர்ந்தேன். பிள்ளைகளை ஆபிதா வீட்டில் விட்டேன். அவள் என்னைப் பார்த்ததும், "ஐயையோ, அதுக்குள்ள வந்துட்டீயளா?" என்றாள். என் சாவியால் சத்தமில்லாமல் கதவைத் திறந்தேன்.

கோகிலா தரையில் படுத்திருந்தாள். தூங்கவில்லை. பிள்ளைகளின் பைகளெல்லாம் கட்டில் மேல் ஏறியிருந்தன. அறைக்கு நட்டநடுவில் இரண்டு கையையும் இரண்டு காலையும் அகல விரித்து, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, ஏதோ ஒரு ராகத்தை முணுமுணுத்துக்கொண்டு கிடந்தாள். டிவி இல்லை, குக்கர் இல்லை, ஆள் சத்தமே இல்லை. கலியாணமானதிலிருந்து அவளை அவ்வளவு நீளமாக நான் பார்த்ததில்லை.

என்னைப் பார்த்ததும் கைகால்களை மடக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். முகம் வாடிப்போயிற்று. மனைவி முகம் நம்மைப் பார்த்து வாடுவதைப் போல ஒரு வேதனை கிடையாது.

"வந்துட்டீயளா? டீ போடட்டா?"

"வேண்டாம். ஏன் கோகிலா? நான் வீட்ல இருக்கது உனக்குப் புடிக்கலையா?"

"யாரு சொன்னா? உங்களப் புடிக்கும். நீங்க இல்லாத வீடும் புடிக்கும்."

"அப்படீன்னா?"

"கலியாணமாகி வந்ததுலேருந்து இந்த வீட்டுல நான் தனியா இருந்ததே இல்ல. மொதல்ல உங்க அம்மா, பெறகு உங்க அக்கா, பெறகு பிள்ள. இப்பப் பகல் பூராப் பள்ளிக்கூடம், சாயந்தரமானா நீங்க. ஞாயித்துக்கிழம ஒரு நாள் முழுக்க நீங்க. ஒரு நாளாச்சும் இந்தத் தரையில கைய கால நீட்டிக் கெடக்கணும்னு எவ்வளவு ஆசையா இருந்துச்சு தெரியுமா?"

எனக்குக் கோபம் வரவில்லை. வந்தால் நன்றாக இருந்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து பேண்ட்ஸ்டாண்ட் சபதத்தை, புதுச் சட்டையை, பூதக்கண்ணாடித் திட்டத்தை எல்லாம் கொட்டிவிட்டேன். கேட்டுக்கொண்டே வந்தவள் கண் கலங்கினாள். என் தலையில் ஒட்டியிருந்த கடல் மணலைத் தட்டிவிட்டாள்.

"கூறுகெட்ட மனுசா! பாறைக்குக் கூட்டிட்டுப் போகணும்னா, 'வாட்டி போவோம்'னு சொன்னா வந்திருக்க மாட்டேனா? அதுக்குப் போயி பாடத்திட்டம் எடுக்கச் சொல்லுவாகளா?"

"சரி, இப்பச் சொல்லுதேன். அடுத்த ஞாயித்துக்கிழம வாட்டி போவோம்."

"இனிமே முடியாதே. இந்தப் படிப்பு முடியுற வரைக்கும் உங்களுக்கு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வகுப்பு. நடுவுல உள்ள வாரம் முத்துமாரிக்கு செஸ். ஆபிதாக்காட்டயும் வாக்குக் குடுத்தாச்சு."

எதிர்வீட்டில் தங்கமான மனிதன் என்று பெயர் வாங்கியாகிவிட்டது. இனி எப்படி மறுப்பது? அவள் கை என் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. பதினாறு வருஷத்தில் முதல் தடவையாகப் பகல் வேளையில் இந்த அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். ஆபிதா வீட்டிலிருந்து பிள்ளைகள் எந்த நிமிஷமும் வந்து கதவைத் தட்டுவார்கள்.

"சரி, ஞாயித்துக்கிழமைய நீயே வெச்சுக்க. கைய கால நல்லா நீட்டிக்க," என்றேன் பெரிய மனதோடு. "இந்த வருஷம் எப்படியோ போகட்டும். அடுத்த வருஷம் ராத்திரி பிள்ளையத் தூங்க வெச்சிட்டு, மொட்டை மாடிக்குப் போயி ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் உக்காந்து பேசுவோம். சரிதானே?"

கோகிலா என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"அடுத்த வருஷத்துக்கு வானவியல் எடுத்துட்டேனே. அதுல வகுப்பு பூரா ராத்திரி மொட்டை மாடியிலதான், கூட வார பெரியவுகன்னு உங்க பேரத்தான் குடுத்திருக்கேன்."