ஐந்து அம்மாவும் ஒரு உம்மாவும்

கொழும்புத் துறைமுகத்தின் வரலாற்றில் மூன்று மாபெரும் நிகழ்ச்சிகள் உண்டு. போர்த்துக்கேயர் வந்திறங்கியது ஒன்று. வெள்ளைக்காரன் கடலுக்குள் அலைதடுப்புக் கட்டியது இரண்டாவது. இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு திருவாளர் கொன்ஸ்ரன்ரைன் அவர்கள் சிங்கப்பூரில் ஒரு கருத்தரங்குக்குப் போய், ஒரு முழ நீளமான வயரோடு திரும்பி வந்தது மூன்றாவது. முதல் இரண்டையும் பற்றித் தடித்தடியாகப் புத்தகங்கள் இருக்கின்றன. மூன்றாவதைப் பற்றி ஒருவரும் ஒரு வரிகூட எழுதவில்லை.

கொன்ஸ்ரன்ரைன் அவர்கள் கொட்டாஞ்சேனையில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில், துறைமுகத்திலிருந்து சரக்கு விடுவித்துக் கொடுக்கும் கம்பனி ஒன்றை நடத்தி வந்தார். தகப்பனார் தொடங்கிய கம்பனி. தகப்பனார் காலத்தில் அங்கே சரக்கு விடுவிக்கும் வேலை மட்டும் நடந்தது. மகன் பொறுப்பேற்ற பிறகுதான் கம்பனி முன்னேறி, கூட்டங்களும் நடக்கத் தொடங்கின.

வயர் வந்த மறுநாளே கூட்டம். கம்பனியின் தலைமைக் கிளார்க் சூசைதாசன் முன்வரிசையில் இருந்தார். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. சொந்த ஊர் வடக்கே மன்னார். முதலாளி எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற பழக்கம் அவருக்கு உண்டு. பயத்தினால் அல்ல, முதலாளி மீது அவருக்கு உண்மையாகவே மரியாதை இருந்தது. வயரின் ஒரு முனையைக் கணினியிலும் மறுமுனையைத் தன் கைத்தொலைபேசியிலும் குத்தி, இதில் இருப்பது அதிலும் அதில் இருப்பது இதிலும் போய்ச் சேரும் அதிசயத்தை கொன்ஸ்ரன்ரைன் அவர்கள் விளக்கினார். இதற்குப் பெயர் ‘ஒத்திசைவு’ என்றார்.

“ஒருத்தருக்குத் தெரிஞ்சது எல்லாருக்கும் தெரியவேணும். நாங்கள் எல்லாரும் ஒரு குடும்பம். இனிமேல் இந்தக் கொம்பனியில ‘எனக்குத் தெரியாது’ எண்ட பேச்சே இருக்கக்கூடாது.”

சூசைதாசனுக்கு மயிர் கூச்செறிந்தது. அன்றே அவர் ‘ஒத்திசைவுப் பொறுப்பாளர்’ ஆகப் பதவி உயர்த்தப்பட்டார். சம்பளம் அப்படியே இருந்தது.

காலையில் ஒரு தடவை, வேலை முடிந்து போகும்போது ஒரு தடவை, எல்லாரும் முதலாளியின் கணினிக்கு முன்னால் வரிசையில் நின்று வயர் குத்தவேண்டும். சூசைதாசன், றேமண்ட், டோரின், பேர்ணடெற், மஹ்ரூப் என்று ஐந்து பேர். முன்மாதிரியாக முதலாளியும் குத்துவார். ஒரே கிழமையில் ஆறு போனிலும் ஒரே விலாசங்கள், ஒரே நாட்குறிப்பு, ஒரே படங்கள். பேலியகொடையில் மஹ்ரூப்புக்கு மீன் கொடுக்கிறவரின் நம்பர் எல்லாரிடமும் இருந்தது. டோரினின் தங்கச்சி கலியாணப் படங்கள் எல்லாரிடமும் இருந்தன. விடியப்புறத்தில் மஹ்ரூப்பைத் தொழுகைக்கு எழுப்பும் மணி, ஆறு வீட்டிலும் அடித்தது. எழும்பினது எழும்பிவிட்டீர்கள், பூசைக்காவது போய்வாருங்கள் என்று சூசைதாசனை மனைவி பிறிஜெற் தினமும் கோவிலுக்கு அனுப்பிவைத்தாள். செவ்வாய்க்கிழமை அந்தோனியார் நவநாளை மஹ்ரூப்பின் சட்டைப்பை ஞாபகப்படுத்தியது. மத நல்லிணக்கத்துக்கு எத்தனையோ மாநாடு போட்டும் நடக்காத காரியத்தை இந்த வயர் சத்தமில்லாமல் நடத்திக் காட்டியது.

ஒரே ஒரு சின்னச் சிக்கல். எல்லாரும் தாயின் நம்பரை ‘அம்மா’ என்றுதான் இங்கிலீஷ் எழுத்தில் போட்டு வைத்திருந்தார்கள். மஹ்ரூப் மட்டும் ‘உம்மா’. ஆகவே ஒவ்வொரு போனிலும் ஐந்து அம்மாவும் ஒரு உம்மாவும் சேர்ந்துகொண்டார்கள். எந்த அம்மா யாருடைய அம்மா என்று நம்பரைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சூசைதாசன் இதை முதலாளியிடம் பணிவாகச் சொன்னார். குடும்பம் பெரிதானால் அப்படித்தான் என்று முதலாளி சிரித்தார்.

அதற்குப் பிறகு இன்னொரு சீர்திருத்தமும் வந்தது. கம்பனி அடையாள அட்டைகளை எல்லாம் சேகரித்து, படம் பிடித்து, போனில் ஏற்றிவிட்டு, அட்டைகளை அலுமாரியில் வைத்துப் பூட்டினார்கள். பிளாஸ்ரிக்கின் காலம் முடிந்துவிட்டது என்று முதலாளி அறிவித்தார். யுத்த காலத்தில் காலிக்குப் போகும் வீதி முழுக்க நின்ற சோதனைச் சாவடிகளுக்கு இந்த அறிவிப்பின் பிரதி அனுப்பப்படவில்லை.

ஒரு வியாழக்கிழமை, வெள்ளவத்தையில் புடவைக்கடை வைத்திருந்த ஏகப்பன் செட்டியாரிடம் கப்பல் பத்திரங்களைக் கொடுப்பதற்காக சூசைதாசன் பஸ் ஏறினார். வழியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். அவருடைய தேசிய அடையாள அட்டையைப் பார்த்த இளம் சிப்பாய், பிறந்த இடம் மன்னார் என்றதும் வரிசையிலிருந்து தள்ளி நிற்கச் சொன்னான். எங்கே வேலை, அதற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்டான். அட்டை போனுக்குள் இருக்கிறது என்று சூசைதாசன் பெருமையோடு சொன்னார். ஒரு சோதனைச் சாவடியில் இந்த வாக்கியத்தைச் சொன்ன முதல் ஆள் அவராகத்தான் இருக்கவேண்டும்.

சிப்பாய் போனை வாங்கி அட்டையைத் தேடினான். டோரினின் தங்கச்சி மாலை மாற்றினாள், மோதிரம் போட்டாள், கேக் வெட்டினாள். அதற்கு அடுத்தபடியாக வந்தது துறைமுகம். கப்பல், பாரந்தூக்கி, கொள்கலன்கள், அவற்றுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடியோடு கொன்ஸ்ரன்ரைன் அவர்கள். பக்கவாட்டில் ஒன்று, நேராக ஒன்று, கைகட்டி ஒன்று என்று வரிசையாகப் படங்கள். கம்பனிக் கலண்டருக்காக எடுத்தவை. சிப்பாய் அதற்குமேல் அட்டையைத் தேடவில்லை.

ஜீப்பின் பின்பக்கம் ஏற்றப்பட்டபோது, பஸ்ஸில் வந்தவர்கள் எல்லாரும் மறுபக்கம் கடலைப் பார்த்தார்கள். சூசைதாசன் அவர்களைக் கோபிக்கவில்லை. அவரும் எத்தனையோ தடவை கடலைப் பார்த்தவர்தான். அந்த நாட்களில் இப்படி ஏறியவர்கள் சிலர் பின்னேரமே வீடு திரும்பினார்கள். சிலருடைய பெண்சாதிமார் ஒரு படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வருஷக்கணக்காக அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார்கள். தன்னுடைய எந்தப் படத்தைப் பிறிஜெற் கொண்டு திரிவாள் என்று சூசைதாசன் யோசித்தார்.

பொலிஸ் நிலையத்தில் அவரை விசாரித்த சார்ஜன் வயதான மனிதர். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போனைத் தட்டிக்கொண்டே போனவர் ஒரு இடத்தில் நின்றார். அம்மா என்ற சொல் சிங்களத்திலும் அம்மாதான். மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை.

“உனக்கு எத்தனை அம்மா?” என்று சிங்களத்தில் கேட்டார்.

“ஒண்டுதான் சேர்.”

“இதில ஐந்து இருக்குதே.”

சூசைதாசன் ஒத்திசைவை விளக்கத் தொடங்கினார். துறைமுகத்தில் பழகிய அவருடைய சிங்களம் பெட்டி, லொறி, அதிகாரிகளின் கைக்குள் ‘சந்தோசம்’ கொடுப்பது ஆகியவற்றுக்குத் தாராளமாகப் போதும். ஒத்திசைவுக்குப் போதவில்லை. நாங்கள் ஒரு குழு, எங்களுக்கு ஒரு தலைவர், காலையும் மாலையும் தலைவரின் இடத்துக்குப் போய் எங்களுக்குத் தெரிந்த தகவலை எல்லாம் ஒப்படைப்போம், ஒருவருக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரியும் என்றார். சொல்லச் சொல்லத் தன் கதை எங்கே போகிறது என்று அவருக்கே விளங்கியது. சார்ஜன் பேனையைத் திறந்தார்.

ஆனாலும் நிதானமான மனிதர். முதலாளி போனில் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார். இந்த ஆள் என்னிடம் வேலை செய்கிறவர், படத்தில் இருப்பது நான், அது கலண்டருக்கு எடுத்தது. இவ்வளவுதான். கம்பனி நம்பரைச் சுழற்றினார். எடுத்தவர் கொன்ஸ்ரன்ரைன் அவர்களேதான். பொலிஸ் என்றதும், பதிவுகளைப் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லிப் போனை வைத்தார்.

அடுத்து நடந்ததை டோரின் பின்னர் சொல்லித்தான் சூசைதாசன் அறிந்தார். கொன்ஸ்ரன்ரைன் அவர்கள் ஒரு நிமிஷத்தையும் வீணாக்கவில்லை. கணினியில் சூசைதாசனின் பெயரைத் தெரிவு செய்து அழித்தார். துறைமுகப் படங்களை அழித்தார். அவசரக் கூட்டம் கூட்டி, ‘தரவுத் தூய்மை’ காரணமாக எல்லாரும் உடனே வயர் குத்தவேண்டும் என்றார். நான்கு பேரும் வரிசையில் வந்து குத்தினார்கள். வயர் தன் கடமையைச் செய்தது. சார்ஜன் திரும்ப எடுத்தபோது, அப்படி ஒரு பெயர் எங்கள் பதிவில் இல்லை என்று முதலாளி தெளிவாகச் சொன்னார். சார்ஜனின் போன் கொஞ்சம் சத்தமானது. மேசைக்கு இந்தப் பக்கம் நின்ற சூசைதாசனுக்கும் கேட்டது.

சார்ஜன் விடவில்லை. றேமண்டைக் கேட்டார், டோரினைக் கேட்டார், பேர்ணடெற்றையும் மஹ்ரூப்பையும் கேட்டார். அப்படி ஒருவர் எங்கள் போனில் இல்லை என்று நால்வரும் சொன்னார்கள். அதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை. இவ்வளவு துல்லியமான முறை ஆசியாவில் வேறெங்கும் இருந்திருக்காது.

அடிவிழும் என்ற பயத்தை விடவும், முதலாளியின் குரலில் இருந்த மரியாதைதான் சூசைதாசனுக்கு வலித்தது.

சார்ஜனுக்கும் எரிச்சல் வந்திருக்கவேண்டும். இந்த ஆளுக்கு யாரும் இல்லையென்றால் அம்மாமாரையாவது பார்த்துவிடுவோம் என்று மேலேயிருந்து தொடங்கினார். பொலிஸ் பேசுகிறது, சூசைதாசன் என்று ஒருவரைப் பிடித்து வைத்திருக்கிறோம், உன்னுடைய மகனா என்று கேட்டார்.

முதல் அம்மா றேமண்டின் தாய். அரைகுறைச் சிங்களத்தில், “ஓம் ஓம், மகே புத்தா, என்ட பிள்ளை” என்றாள். அவனுக்கு இழுப்பு இருக்கிறது, அடித்துப் போடாதீர்கள் என்றாள். இரண்டாவது அம்மா களுபோவில ஆஸ்பத்திரியில் கண் காட்டுவதற்கு வரிசையில் இருந்த பேர்ணடெற்றின் தாய். என்னுடைய மகன்தான், சாப்பிட்டானா என்று கேட்டாள். டோரினின் தாய், கேள்வி முடிவதற்கு முன்னாலேயே ஓம் என்று அழத் தொடங்கினாள். இவர்களில் ஒருத்தியும் சூசைதாசனைக் கண்ணால் கண்டதில்லை. எந்த வயரும் அவர்களுடைய போனில் குத்தப்படவும் இல்லை.

உம்மாவையும் எடுத்தார். மஹ்ரூப்பின் தாய் ஸைனம்பு, தன் மகன்தான் என்றார்.

“உங்கட மகனுக்கு எப்படி சூசைதாசன் எண்டு பெயர்?”

“பேர் வெச்சது அவங்கட வாப்பா. அவர்க்கிட்டத்தான் கேக்கணும். அவர் மவுத்தாகிட்டார்.”

சார்ஜன் கண்ணாடியைக் கழற்றித் திரும்பவும் துடைத்தார். அடுத்த அம்மாவை எடுத்தார். அந்த நம்பர் பாவனையில் இல்லை என்று பதிவுக் குரல் வந்தது. இன்னொரு தடவை முயன்றார். அதே குரல்.

“இந்த அம்மா மட்டும் எடுக்கிறா இல்லை.”

“அதுதான் சேர் என்ட அம்மா,” என்றார் சூசைதாசன். “அவ செத்துப் போயிட்டா. நம்பரை அழிக்க மனம் வரேல்ல.”

அன்று முழுக்க அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. சார்ஜன் தேத்தண்ணீருக்கு ஆள் அனுப்பினார்.

மிஞ்சியது ஒரே ஒரு அம்மா. கல்கிசையில் இருக்கும் மெற்றில்டா அம்மையார், கொன்ஸ்ரன்ரைன் அவர்களைப் பெற்றவர். இளைப்பாறிய சிங்கள ஆசிரியை. சார்ஜன் விட்ட ஒரு இலக்கணப் பிழையை முதலில் திருத்திவிட்டு, முழு விஷயத்தையும் ஆறுதலாகக் கேட்டறிந்தார். கம்பனி என்ன சொன்னது என்றும் கேட்டார். சார்ஜன் சொன்னார்.

“கறுப்புக் கண்ணாடியோட நிக்கிறவர் என்ட சின்ன மகன். உங்களிட்ட இருக்கிறவர் மூத்தவர். கை வைக்காதேங்கோ, நான் வாறன்.”

ஓட்டோ பிடித்து வந்து இறங்கினார். ஒரு கையில் குடை, மறுகையில் தன் குசினிச் சுவரிலிருந்து கழற்றிச் சுருட்டிய கம்பனிக் கலண்டர். அதை மேசையில் விரித்தார். அதே கப்பல், அதே பாரந்தூக்கி, அதே கறுப்புக் கண்ணாடி, கீழே ஞாயிறுகள் எல்லாம் சிவப்பில். சார்ஜன் அம்மையாரின் அடையாள அட்டையைப் பார்த்தார். சூசைதாசனுடையதையும் பார்த்தார். கணக்குப்படி அம்மையார் மூத்த மகனைப் பெற்றபோது அவருக்குப் பதினாறு வயது. ஊர் மன்னார். அம்மையாரின் அட்டையிலோ மன்னாரே இல்லை. சார்ஜனுக்குக் கணக்கும் தெரியும், புவியியலும் தெரியும். அன்று இரண்டையும் ஒருபக்கம் வைத்துவிட்டு, கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார்.

“வா மகன், போவம்,” என்றார் மெற்றில்டா அம்மையார். ஓட்டோவில் இருவரும் என்ன கதைத்தார்கள் என்பது கம்பனிப் பதிவுகளில் இல்லை.

மறுநாள் காலை சூசைதாசன் வழமை போல வேலைக்கு வந்தார். ஒருவரும் தலை நிமிரவில்லை. டோரின் மட்டும் தேத்தண்ணி போடும் இடத்துக்கு அவரைக் கூப்பிட்டு, நடந்ததை எல்லாம் சொல்லி அழுதாள். பிறகு முதலாளி கூப்பிட்டு அனுப்பினார்.

கொன்ஸ்ரன்ரைன் அவர்கள் பெருந்தன்மையோடு கதிரையைக் காட்டினார். நேற்றைய நாள் கம்பனிக்குப் பெருமையான நாள் என்றார். ஒரு நெருக்கடியின்போது அத்தனை போனும் சில நிமிஷத்துக்குள் ஒரே நிலைக்கு வந்ததை, அடுத்த சிங்கப்பூர்க் கருத்தரங்கில் கட்டுரையாக வாசிக்கப் போவதாகச் சொன்னார். பெயரை அழித்தது தனிப்பட்ட விஷயம் அல்ல, ‘நிறுவனத் தரவுப் பாதுகாப்பு’ என்றார். வயரை எடுத்து நீட்டினார். ஒருதரம் குத்தினால் பெயர் திரும்பி வந்துவிடும் என்றார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, “நீங்கள் என்ட நிலைமையை விளங்கிக்கொள்ளவேணும்,” என்றார்.

சூசைதாசன் வயரை வாங்கவில்லை. வழமையான மரியாதையோடு எழுந்து நின்றார்.

“அது பரவாயில்லை சேர். நேற்று ஓட்டோவில அம்மா எல்லாம் சொன்னவ. ‘தம்பி சின்னனில இருந்தே பயந்தவன், நீ மூத்தவன், நீதான் பொறுத்துக்கொள்ளவேணும்’ எண்டவ.”