பின்லாந்துக்குப் போன முகூர்த்தக்கால்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அது குடியாகவோ சீட்டாட்டமாகவோ இருந்திருந்தால் சொந்தக்காரர்களுக்குப் புரிந்திருக்கும், உட்காரவைத்து புத்தி சொல்லியிருப்பார்கள். எனக்கு இருப்பது மரத்துண்டுப் பழக்கம்.

கோயம்புத்தூர் கணபதியில் பம்ப்செட் உதிரிபாகம் செய்யும் சின்ன லேத் பட்டறை என்னுடையது. அதன் மூலையில் மரம் கடைய ஒரு குட்டி லேத்தும் இருக்கிறது. விரல் பருமனும் சாண் நீளமும் உள்ள மரத்துண்டின் நடுவில் துளையிட்டு, பித்தளைக் குழாயைச் செருகிக் கடைந்தால் பேனா கிடைக்கும். அந்தத் துண்டுக்கு பிளாங்க் என்று பெயர். உலகம் முழுக்க இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் இருக்கிறார்கள். இணையத்தில் ஒருவரை ஒருவர் கண்டுபிடித்து, காசு பணம் இல்லாமல், என் ஊர் மரம் உனக்கு, உன் ஊர் மரம் எனக்கு என்று தபாலில் மாற்றிக்கொள்கிறோம். (என் மனைவி சுகன்யா இதை "வெறகு யாவாரம்" என்பாள். வியாபாரம் என்றால் ஏதாவது கிடைக்க வேண்டுமே என்றும் சேர்த்துக்கொள்வாள்.)

அப்படிக் கிடைத்தவர்தான் பின்லாந்தில் இருக்கும் கைசா. டிராம் ஓட்டி ஓய்வுபெற்ற அம்மா. அவர் அனுப்பிய முதல் பார்சலைப் பிரித்தபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. ஆறு துண்டுகள். ஒவ்வொன்றின் முனையிலும் மெழுகு பூசி, தனித்தனிக் காகிதத்தில் சுற்றி, அந்த மரம் எந்த ஏரிக்கரையில் நின்றது, எந்தப் புயலில் சாய்ந்தது, எத்தனை வருடம் காயவைத்தார் என்று பொடி எழுத்தில் எழுதியிருந்தார். மரத்துக்குள் ரேகை சுருள் சுருளாக ஓடியது. எங்கள் வீட்டு ஆதார் அட்டைகளைக்கூட நாங்கள் அவ்வளவு கவனமாக வைத்திருந்ததில்லை.

பதிலுக்கு நான் அனுப்பியது, பழைய ஜன்னல் சட்டத்தில் அறுத்த தேக்கு. கிடைத்ததும் கைசா நன்றி சொல்லி, "மிக மிக நேரான ரேகை" என்று எழுதியிருந்தார். கல்யாணத்துக்குப் பார்த்த பெண்ணை "நல்ல உயரம்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வதைப் போன்ற பாராட்டு அது. கடைசி வரியில், "உங்கள் பக்கம் தந்த நிறத்தில் ஒரு வெள்ளை மரம் உண்டாமே, அதில் கிளை பிரியும் இடம் கிடைக்குமா?" என்றும் கேட்டிருந்தார்.

கிளை பிரியும் இடத்தில்தான் மரத்தின் அழகெல்லாம் இருக்கிறது. அங்கே ரேகைகள் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டு மயிலிறகு மாதிரி விரியும். கைசா கேட்டது எங்கள் பாலை மரத்தை. இரண்டு கிளை பிரிந்தாலே நல்ல ரேகை விழும். மூன்று கிளை ஒரே இடத்தில் பிரிந்தால் சொல்லவே வேண்டாம். ஆனால் அப்படி எளிதில் அமையாது. இரண்டு மாதம் கண்ணில் படும் வேலியை எல்லாம் பார்த்துக்கொண்டே திரிந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் என் கொழுந்தியா தீபாவின் கல்யாணம் வந்தது. தாராபுரத்துக்குப் பக்கத்தில் மாமனாரின் தோட்டத்து வீடு. கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பே மூத்த மாப்பிள்ளை என்ற பந்தாவோடு போய் இறங்கினேன். மறுநாள் காலை பல் விளக்கிக்கொண்டே மோட்டார் ரூம் பக்கம் போனால், தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு பாலைக் கிளை நிற்கிறது. கை மணிக்கட்டை விடத் தடிமன். ஒரே இடத்தில் மூன்றாகப் பிரிந்திருந்தது.

வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

இந்த இடத்தில் என் அறியாமையை விளக்கியாக வேண்டும். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மூன்றாகக் கிளைத்த பாலைக் கிளையை வெட்டி வந்து, மஞ்சள் துணி கட்டி, நல்ல நேரத்தில் முகூர்த்தக்காலாக நடுவார்கள். அதன் பிறகுதான் மற்ற சீர்கள். இது கொங்கு நாட்டில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். என் கல்யாணத்திலும் நட்டிருக்கிறார்கள். ஆனால் நான் அன்றைக்கெல்லாம் கேமராவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் துணியும் மாவிலையும் மூடிய ஒரு கம்பம் என் நினைவில் இருந்ததே தவிர, அதற்குள்ளே மரம் இருக்கும் என்று யோசித்ததில்லை. (மரத்தைத் தவிர வேறெதையும் பார்க்காதவன் என்று பெயரெடுத்தவன் நான்.)

ஆனாலும் விசாரிக்காமல் தொடவில்லை. பந்தல் போட வந்த ராசண்ணன் ஏணி மேல் நின்று துணி கட்டிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, தொட்டியில நிக்கற கொம்பு உங்களுதுங்களா?"

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நம்முளுது இல்லீங்க. நம்ம காலெல்லாம் இரும்புங்க."

எனக்கு அது போதும். கார் டிக்கியில் எப்போதும் ஒரு ரம்பம் கிடக்கும். கிளை பிரியும் இடத்தை மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு அறுத்தெடுத்தேன். பட்டையோடு வெளிநாடு போகக்கூடாது என்பதால் சுத்தமாகச் சீவினேன். அதிலிருந்து மூன்று பிளாங்க். முனைகளுக்கு மெழுகுவர்த்தியை உருக்கிப் பூசினேன். கைசாவைப் போல நானும் ஒரு காகிதத்தில், "தாராபுரம், மாமனார் தோட்டம், நேற்று வெட்டியது" என்று பெருமையாக எழுதிவைத்தேன். மிச்சமிருந்த அடித்தண்டையும் மூன்று கிளைகளையும் இலை வாடக்கூடாதே என்று பழையபடி தொட்டியில் நிறுத்தினேன். தூரத்திலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. அவ்வளவு நேர்த்தி.

பூமாலைக்குச் சொல்லிவிட்டு வர என்னைத் தாராபுரத்துக்கு அனுப்பினார்கள். வழியில் தபால் ஆபீசுக்குள் நுழைந்தேன். கவுன்டரில் இருந்த அம்மா பார்சலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உள்ள என்னங்க?"

"மரத்துண்டுங்க."

"பின்லாந்துல மரம் இல்லீங்களா?"

அந்த நாட்டில் காட்டையும் ஏரியையும் தவிர வேறெதுவும் பெரிதாகக் கிடையாது. அதை எப்படிச் சொல்வது? "இந்த மாதிரி இல்லீங்க" என்றேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்து முத்திரை குத்தினார். சாயங்காலத் தபாலில் போய்விடும் என்றார்.

மறுநாள் காலை ஏழரைக்கும் எட்டரைக்கும் இடையில் கால் நட நேரம் குறித்திருந்தார்கள். ஏழு மணிக்கு வாசலில் சொந்தக்காரர்கள் நிறைந்துவிட்டார்கள். குழி தயார், மஞ்சள் துணி தயார். மாமனார் புது வேட்டியோடு தொட்டிக்குப் போய், பயபக்தியோடு கிளையைப் பிடித்துத் தூக்கினார். கையோடு ஒரு குச்சி மட்டும் வந்தது. மற்ற இரண்டும் தொட்டியிலேயே சாய்ந்தன.

அவர் கையிலிருந்த குச்சியையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். வைத்த கால் காணாமல் போனால் என்ன அர்த்தம் என்று கூட்டத்தில் ஆளுக்கு ஒன்றாக முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். தீபா கதவருகே நின்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? எல்லோரோடும் சேர்ந்து தேடினேன். மாட்டுத் தொழுவத்தைப் பார்த்தேன், வைக்கோல் போருக்குப் பின்னால் பார்த்தேன். குனிந்து காருக்கு அடியில்கூடப் பார்த்தேன்.

அதற்குள் யாரோ, "பந்தல்காரங்கதானுங்க நேத்தெல்லாம் இங்க இருந்தாங்க" என்றார்கள். மாமனார் மெதுவாக ராசண்ணன் பக்கம் திரும்பினார். ராசண்ணன் நேற்று நான் கேட்டதை நினைத்துக்கொண்டவர்போல என்னையே பார்த்தார். ஆனால் வாயைத் திறக்கவில்லை. கல்யாண வீட்டு மாப்பிள்ளையைச் சபையில் காட்டிக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அந்த மனுசன் என்னால் கெட்ட பேர் வாங்கப்போகிறார் என்று தெரிந்ததும் எனக்குக் கூசிப்போய்விட்டது.

"மாமா, அதை நாந்தானுங்க அறுத்தேன்."

"நீங்களா? இப்ப எங்கீங்க இருக்குது?"

"பின்லாந்துக்குப் போயிட்டிருக்குதுங்க."

எங்கள் பக்கம் மாப்பிள்ளையைத் திட்டுகிற வழக்கம் கிடையாது. ஆனால் ஒரு பெரியவர், "அங்க யாருக்குங்க கல்யாணம், மாப்பிள்ளை?" என்று அத்தனை மரியாதையாகக் கேட்டார். அதைவிடச் செருப்பால் அடித்திருக்கலாம்.

என் மாமியார் மட்டும் முகம் மாறாமல் முன்னால் வந்தார். அவரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அன்றைக்குத்தான் அவர் யார் என்று எனக்குத் தெரிந்தது.

"போச்சாது உடுங்க. மாப்பிள்ளைங்க, காப்பி குடிச்சீங்களா?" என்றார் முதலில். பிறகு மாமாவிடம், "நீங்க மாப்பிள்ளையக் கூட்டிட்டு வாய்க்கா மேட்டுப் பக்கம் போங்க. நான் போன்ல பாக்கறேன்."

மாமா மொபெட்டை எடுத்தார். நான் பின்னால் அரிவாளோடு உட்கார்ந்தேன். ஏழு இருபது. வழியெல்லாம் பாலை மரங்கள். இரண்டிரண்டாகப் பிரிந்த கிளைகள் எங்கு பார்த்தாலும் இருந்தன. மூன்று என்பது எங்குமே இல்லை. அப்போதுதான் என் அறிவாளி மூளைக்கு, எப்பேர்ப்பட்ட அபூர்வத்தை அறுத்துவிட்டேன் என்பது இன்னும் நன்றாக உறைத்தது. ஏழே முக்கால் ஆனது. மாமாவின் முதுகு வேர்த்துச் சட்டை ஒட்டிக்கொண்டது.

எட்டு மணிக்கு அவர் போன் அடித்தது. அத்தை. "மேக்கால பள்ளத்துத் தோட்டத்துக்குப் போங்க. வெட்டி வெச்சுட்டு நிக்கறாங்க."

வீட்டைவிட்டு நகராமல், சுற்றியிருந்த பத்துப் பன்னிரண்டு தோட்டங்களுக்கும் போன் போட்டு, எந்த வேலியில் எந்த மரம், எந்த மரத்தில் எத்தனை கிளை என்று விசாரித்து முடித்துவிட்டார். நான் இரண்டு மாதம் அலைந்தும் கிடைக்காதது அவருக்கு அரை மணி நேரத்தில் கிடைத்தது. பள்ளத்துத் தோட்டத்துக்காரர் ரோட்டோரத்திலேயே கிளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றார். மூன்று கிளையும் அச்சு வார்த்தாற்போல். மாமா கையெடுத்துக் கும்பிட்டார். அவர் கிளையை மாமா கையில் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பின்லாந்து மாப்பிள்ளைங்களா? வாங்க வாங்க."

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் பத்துப் பன்னிரண்டு தோட்டங்களுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. அத்தை எதையும் மறைக்கவில்லை. காரணம் சொல்லாமல் மரம் கேட்டால் யார் தருவார்கள்?

எட்டு இருபத்திரண்டுக்குக் கால் நட்டோம். குழியில் மண் தள்ளும்போது மாமா, "நீங்களும் ஒரு கை போடுங்க மாப்பிள்ளை" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை. பிறகு ராசண்ணனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "நானும் கொஞ்சம் திரும்பிப் பாத்திருக்கோணுமுங்க" என்று தன் மேலும் ஒரு பங்கைப் போட்டுக்கொண்டார்.

கைசாவுக்கு நடந்ததை எல்லாம் எழுதி, கல்யாணப் படங்களையும் அனுப்பினேன். பார்சல் அவருக்கு மூன்று வாரம் கழித்துப் போய்ச் சேர்ந்தது. அவர் பதிலில் ஒரு படம் இருந்தது. அவர் வீட்டு அலமாரியில் மூன்று துண்டுகளும் நிற்கின்றன. கல்யாணப் படத்தில் பார்த்த மாதிரியே ஒரு மஞ்சள் துணியைத் தேடிப் பிடித்துச் சுற்றிக் கட்டியிருந்தார். "உங்கள் கல்யாணத்தில் பாதி என் வீட்டில் இருக்கிறது. காயும் வரை கத்தி வைக்க மாட்டேன். பெண்ணும் மாப்பிள்ளையும் நலமா என்று அவ்வப்போது சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தார். அத்தை அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"அந்தம்மாவுக்குத் தெரியுதுங்க மாப்பிள்ளை" என்றார். யாருக்குத் தெரியவில்லை என்பதை மரியாதைக்காக விட்டுவிட்டார்.

ஒன்றரை வருடம் கழித்து கைசாவிடமிருந்து ஒரு பேனா வந்தது. தந்த நிறம், உள்ளே மயிலிறகு ரேகை. அப்படி ஒரு கடைசலை நான் இந்த ஜென்மத்தில் செய்யப்போவதில்லை. தீபாவுக்குத்தான் அனுப்பியிருந்தார். அவள் அதைத் தன் அப்பாவிடம் கொடுத்துவிட்டாள். மாமா இன்றுவரை அதைக்கொண்டு ஒரு எழுத்து எழுதியதில்லை. விசேஷங்களுக்குப் போகும்போது மட்டும் சட்டைப் பையில் குத்திக்கொள்வார். யாராவது கேட்டால், "நம்ம தோட்டத்து மரமுங்க, வெளிநாடு போயிட்டு வந்துச்சு" என்பார்.

அதிலிருந்து எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும், நான் வருகிறேன் என்று தெரிந்தால் இரண்டு கிளை வெட்டிவிடுகிறார்கள். கிண்டலாக ஆரம்பித்தது. இப்போது நான் போகாத கல்யாணத்திலும் இரண்டு வெட்டுகிறார்களாம். போன மாதம் ஒரு விசேஷத்தில் புது சம்பந்தி ஒருவர் தொட்டியில் இரண்டு கிளைகளைப் பார்த்துவிட்டு அத்தையிடம் காரணம் கேட்டார். அத்தை சிரிக்காமல் சொன்னார்.

"ஒண்ணு பந்தலுக்குங்க. ஒண்ணு பின்லாந்துக்குங்க."

சம்பந்தி பெரிதாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். "அப்படீங்களா? எங்க பக்கமெல்லாம் ஒண்ணுதானுங்க வெட்டறது" என்று கொஞ்சம் குறையோடு சொன்னார்.