நானே பூட்டிய ஹாண்ட் பிறேக்

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஒரு பொருள் பழுதாகிவிட்டால் அதைக் கழற்றிப் பார்க்காமல் இருக்க என்னால் முடியாது. கழற்றியதைத் திரும்பப் பூட்டத் தெரியுமா என்ற கேள்வி, எல்லாவற்றையும் கழற்றி முடித்த பிறகுதான் எனக்கு வரும். இந்த வகையில் எங்கள் வீட்டில் ஒரு மின்விசிறி, ஒரு கிரைண்டர், என் கணவரின் அம்மாவான மாமியின் காது கேட்கும் கருவி ஆகியவை உயிர்விட்டிருக்கின்றன. (கருவியை நான்தான் கொன்றேன் என்று மாமிக்கு இன்னும் தெரியாது. பலமுறை சொல்லிப் பார்த்தேன், அவவுக்குக் கேட்கவில்லை.)

நான் விஞ்ஞான ஆசிரியை. ஒன்பதாம் தரத்துக்கு உராய்வு படிப்பிக்கிறவள். உராய்வு தெரிந்தவளுக்கு பிறேக் தெரியாமலா போகும் என்பது அந்தக் காலத்தில் என் எண்ணம். அந்தக் காலம் என்றால் ஏதோ யுகம் என்று நினைக்க வேண்டாம், நான்கு வருடத்துக்கு முந்தியதுதான்.

எங்களிடம் ஒரு பழைய சின்னக் கார் இருந்தது. அதை ஓட்டுகிறவள் நான். என் கணவர் குகனுக்குக் காரென்றால் பின்சீற்றில் ஏறி நித்திரை கொள்ளுகிற இடம். ஒருநாள் அதன் ஹாண்ட் பிறேக் தளர்ந்துபோனதைக் கண்டுபிடித்தேன். வேலணையில் இருக்கும் கராஜ்கார அண்ணையிடம் கேட்டதற்கு, "திங்கக்கிழமை கொண்டு வாங்கோ ரீச்சர், பாத்துச் செய்வம்" என்றார். எங்களுக்கோ ஞாயிற்றுக்கிழமை கார் தேவை. அதுவும் சாதாரணத் தேவை அல்ல.

குகனின் தங்கை கௌசிக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. மூன்று சம்பந்தங்கள் சாதகப் பொருத்தத்திலேயே நின்றுபோயிருந்தன. நான்காவதாகக் காரைநகரில் ஒன்று பொருந்தி வந்தது. மாப்பிள்ளை சுதன் வவுனியாவில் வேலை. இருவரும் ஆறு மாதமாகத் தொலைபேசியில் கதைத்து, கௌசி கண்ணாடிக்கு முன்னால் நின்று தனியாகச் சிரிக்கிற கட்டம் வரை விசயம் போயிருந்தது. மிச்சமிருந்தது ஒரேயொரு தடை: சுதனின் அம்மா. இராசமணி ரீச்சர். இளைப்பாறிய அதிபர். "முதலில நான் தனியப் போய் வீட்டையும் ஆக்களையும் பாக்கிறன். பிறகு மற்றதைக் கதைப்பம்" என்று சொல்லி அனுப்பியிருந்தா. காரைநகரிலிருந்து பாதையில் (பாதை என்றால் ரோட்டு இல்லை, காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி இறக்குகிற மிதவைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர்) வந்து இறங்குவா. அங்கிருந்து கரம்பொன்னில் உள்ள எங்கள் வீட்டுக்குக் கூட்டி வருவது என் பொறுப்பு.

அதனால் சனிக்கிழமை காலை முற்றத்தில் காரை நிறுத்தி, ஜக் அடித்து உயர்த்தி, பின்சில்லுகள் இரண்டையும் கழற்றினேன். யூரியூப்பில் ஒரு தமிழ்நாட்டுத் தம்பி, "ரொம்ப சிம்பிள் மக்களே, பத்தே நிமிஷம்" என்றார். நான் காலை எட்டரைக்குத் தொடங்கி மத்தியானம் சோறு ஆறும்வரை அந்தப் பத்து நிமிடத்திலேயே இருந்தேன். மாமி இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டு திரும்பிப் போய்ச் சாமி அறையில் விளக்கைத் தூண்டிவிட்டா.

எல்லாம் பூட்டி முடித்து எழும்பினால், கீழே விரித்திருந்த சாக்கின்மேல் ஒரு சின்னச் சுருள்வில் கிடந்தது. குகன் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்கயப்பா பூட்டுறது?"

"அது மேலதிகம்."

"கார் செய்தவங்கள் மேலதிகமா வைச்சு விடுவாங்களோ?"

"உங்களுக்கு ஒண்டும் விளங்காது. விடுங்கோ."

பிறகு பரிசோதனை செய்தேன். முற்றத்தில் காரை நிறுத்தி ஹாண்ட் பிறேக்கை இழுத்தேன். 'கிர்ர்ர்' என்று என்ன அழகான சத்தம்! இறங்கி வந்து பார்த்தேன். கார் அசையவில்லை. குகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாருங்கோ, இம்மியும் அசையேல்லை."

பிள்ளைகளுக்குக் கட்டுப்பாட்டுப் பரிசோதனை என்றால் என்ன என்று வருடாவருடம் படிப்பிக்கிற எனக்கு, ஹாண்ட் பிறேக் இழுக்காமல் விட்டாலும் அந்த இடத்தில் கார் அசையாது என்பது தோன்றவில்லை. எங்கள் தீவு தோசைக்கல் மாதிரி. மேடு பள்ளம் கிடையாது. இப்படிப்பட்ட ஊரில் ஹாண்ட் பிறேக் இல்லாமல் ஒரு கார் ஆயுள் முழுவதும் மரியாதையாக வாழ்ந்துவிடலாம், ஒரேயொரு இடத்துக்கு மட்டும் போகாமல் இருந்தால். அந்த இடம், பாதைக்கு வாகனங்கள் ஏறி இறங்குவதற்காகக் கடலுக்குள் சரித்துக் கட்டிய சீமெந்துத் தளம்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அங்கே போய் நின்றேன். கால்பிறேக் வேலை செய்தது, அதனால் வழியில் ஒரு குறையும் தெரியவில்லை. பாதை வந்தது. சைக்கிள்கள், மோட்டார் சைக்கிள்கள், மீன்பெட்டிகள் எல்லாம் இறங்கிய பிறகு, கடைசியாக இராசமணி ரீச்சர் இறங்கினா. மெல்லிய சாம்பல் நிறச் சேலை, கையில் குடை, தலைமுடியில் ஒன்றுகூட இடம் மாறவில்லை. பக்கத்தில் ஒரு பனையோலைக் கடகம் நிறைய மாம்பழம். அவ நடந்த விதத்தைக் கண்டதும், இத்தனை வருடம் ஆசிரியையாக இருந்த நான் காலைப் பிரார்த்தனைக்குப் பிந்தி வந்த மாணவியாகிவிட்டேன்.

முழங்கால் வருத்தம் உள்ளவ என்று கேள்விப்பட்டிருந்தேன். நல்ல பெயர் வாங்கும் அவசரத்தில், மேலே தட்டையான இடத்தில் நின்ற காரைச் சரிவுக்குள் பாதிவரை இறக்கிக்கொண்டு போய் அவவுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். காரின் மூக்கு கடலைப் பார்த்தபடி இருந்தது. பின்கதவைத் திறந்து அவவை ஏற்றி இருத்தினேன். எஞ்சினை நிறுத்தி, கியரை நியூற்றலுக்கு எடுத்துவிட்டு, ஹாண்ட் பிறேக்கை இழுத்தேன். (கிர்ர்ர்!) கால்பிறேக்கிலிருந்து காலை எடுத்தேன். கார் நின்றது. இறங்கி, கடகத்தைத் தூக்கி வந்து பின்னால் டிக்கிக்குள் வைத்தேன். பாதை அதற்குள் பின்வாங்கிக் காரைநகர்ப் பக்கம் திரும்பிவிட்டது. காருக்கும் கடலுக்கும் நடுவில் இனி ஒன்றுமில்லை.

டிக்கியை மூடக் கையை உயர்த்தினேன். கை காற்றில் விழுந்தது.

முதலில் நான் நினைத்தது, எனக்குத் தலை சுற்றுகிறது என்று. பிறகுதான் பார்த்தேன், கார் என்னை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. அவசரமும் இல்லை. கோயிலுக்குப் போகிறவர் மாதிரி மெதுவாகப் போனது. பாய்ந்து டிக்கிக் கதவைப் பிடித்து இழுத்தேன். சரிவில் பாசி. என் செருப்புக்கும் சீமெந்துக்கும் இடையில் உராய்வு அறவே இல்லை. காரை நான் இழுக்கிறேனா, கார் என்னை இழுக்கிறதா என்று பார்த்தவர்களுக்குச் சந்தேகமே இருந்திருக்காது.

திறந்து கிடந்த டிக்கிக்கு ஊடாகப் பார்த்தால், பின்சீற்றில் இராசமணி ரீச்சரின் தலை மெல்லத் திரும்பியது. அவ கத்தவில்லை. பரீட்சை மண்டபத்தில் பார்த்தெழுதுகிற பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தா. நான் கையை விட்டேன். முன்சில்லுகள் தண்ணீருக்குள் இறங்கின. பிறகு கதவின் அடிப்பாகம். எங்கோ சேற்றில் முட்டி, 'பொத்' என்று கார் நின்றது.

வலை பிரித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் வலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். நான் சேலையோடு தண்ணீருக்குள் இறங்கிப் பின்கதவுக்குப் போனேன். ரீச்சர் கதவுக் கண்ணாடியைச் சுற்றி இறக்கினா. கார் தரையில் ஏறிய தண்ணீர் அவவின் கணுக்காலை நனைத்திருந்தது.

"பிள்ளை," என்றா, "இது எங்க போகுது?"

"தெரியேல்லை ரீச்சர்."

"ஹாண்ட் பிறேக் போடேல்லையோ?"

போட்டேன் என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம். பழைய கார், தீவு உப்புக்காற்று, எத்தனையோ காரணம் இருந்தது. ஆனால் வாய் நிற்கவில்லை. உள்ளதெல்லாம் கொட்டிவிட்டது.

"போட்டனான் ரீச்சர். ஆனா அதை நான்தான் நேற்றுக் கழட்டிப் பூட்டினனான். யூரியூப்பைப் பாத்து. ஒரு ஸ்பிறிங்கும் மிஞ்சினது."

ரீச்சர் குடையை மடியில் வைத்தா.

"கழட்டினனீர், சரி. பூட்டினனீரோ?"

அவவைத் தூக்கி இறக்க நாலு பேர் கதிரையோடு வந்தார்கள். "என்னை ஒருத்தரும் தூக்க வேண்டாம். நான் ஏறின வாகனத்தோடயே வெளியில வாறன்" என்று கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டா. கடைசியில் ஒருவர் தன் உழவு மெசினைக் கொண்டுவந்து, கயிறு கட்டி, காரையும் ரீச்சரையும் சேர்த்துப் பின்பக்கமாகக் கரைக்கு இழுத்தார். கூடி நின்றவர்களில் பாதிப்பேர் கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தார்கள்.

அந்த நேரம் என் தொலைபேசி அடித்தது. குகன்.

"நீர் எங்க நிக்கிறீர்?"

"இறங்குதுறையில. கொஞ்சம் பிந்தும்."

"கனடாவில இருந்து சித்தப்பா கோல் எடுத்தவர். எங்கட கார் கடலுக்கை நிக்குதாம். உள்ள ஆரோ ஒரு அம்மா இருக்கிறாவாம். உண்மையோ?"

கரம்பொன்னுக்குப் போக வேண்டிய செய்தி ரொறன்ரோவைச் சுற்றிக்கொண்டு எனக்கு முன்னால் வீடு சேர்ந்துவிட்டது. எனக்கு அப்போது ஞாபகம் வந்தது ரீச்சர் அல்ல, கார் அல்ல. கண்ணாடிக்கு முன்னால் நின்று தனியாகச் சிரிக்கும் கௌசிதான். அவளின் வாழ்க்கையை ஒரு ஸ்பனரால் முடித்துவிட்டேனே. அழுதுவிட்டேன். உப்புத் தண்ணீரோடு உப்புத் தண்ணீர், ஒருவருக்கும் தெரியவில்லை.

எஞ்சின் இயங்க மறுத்தது. எனவே உழவு மெசின் முன்னால் இழுக்க, நான் ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு, பின்னால் ரீச்சர் குடையோடு வீற்றிருக்க, தேர் மாதிரிக் கரம்பொன்னுக்குப் போனோம். வழிநெடுகச் சனம் வேலிக்கு வந்து பார்த்தது. ரீச்சர் நேரே பார்த்தபடி இருந்தா. நானும் கண்ணாடியில் அவவைப் பார்க்கவில்லை.

வாசலில் மாமி கைகூப்பியபடி நின்றா. குகன் வெள்ளை வேட்டியோடு நின்றார். கௌசி பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, தேத்தண்ணித் தட்டோடு கதவடியில் நின்றாள். அமைதியாகத் தலை குனிந்து நிற்க வேண்டும் என்று மாமி இரண்டு நாளாகப் பாடம் எடுத்திருந்தா.

ரீச்சர் இறங்கினா. செருப்புக்குள்ளிருந்து 'சளக், சளக்' என்று தண்ணீர் வந்தது. பின்னால் நான். முழங்கால்வரை சேறு, சேலைக் கரையில் பாசி. கௌசி என்னைப் பார்த்தாள். ரீச்சரின் செருப்பைப் பார்த்தாள். திரும்ப என்னைப் பார்த்தாள். தட்டு ஆடத் தொடங்கியது. குகன் பாய்ந்து தட்டைப் பிடித்தார். அவள் வாயைப் பொத்தினாள், முடியவில்லை. படியில் இருந்துவிட்டாள். அப்படியொரு சிரிப்பு! பூ கழன்று விழுந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. "அண்ணி... அண்ணி..." என்கிறாள், அதற்குமேல் சொல் வரவில்லை.

மாமிக்கு முகம் வெளிறிவிட்டது. நான் நிலம் பிளக்காதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். ரீச்சர் கௌசியையே பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு குகனிடம் திரும்பினா.

"இவ எப்பவும் இப்பிடித்தான் சிரிக்கிறவவோ?"

"ஓம் ரீச்சர்," என்றார் குகன், பொய் சொல்லத் தெரியாமல். "சின்னனில இருந்து. நிப்பாட்ட ஏலாது."

ரீச்சர் கதிரையில் அமர்ந்து, செருப்பைக் கழற்றி வெயிலில் வைத்தா.

"எங்கட வீட்டில சுதன்ர அப்பா போனாப் பிறகு ஒருத்தரும் சிரிச்சுக் கேட்டதில்லை. மகன் லீவில வந்தாலும், ரெண்டு பேரும் ஒரு மேசையில இருந்து சாப்பிட்டு எழும்பும்வரைக்கும் ஒரு கதை இல்லை. இப்பிடி ஒராள் வந்தா நல்லம்." என்னைக் காட்டினா. "ஆனா ஒண்டு. கலியாண வீட்டுக் கார் எதின்ர சாவியையும் இவ தொடக்கூடாது."

நான் சேறோடு அந்த இடத்திலேயே கும்பிட்டேன்.

திங்கட்கிழமை கராஜ்கார அண்ணை சில்லைக் கழற்றிப் பார்த்துவிட்டுக் கையைத் துணியில் துடைத்தார். பிறகு மரியாதையாகச் சொன்னார்: "ரீச்சர், கேபிளை ரெண்டு பக்கமும் கொளுவவே இல்லை. நீங்கள் இழுத்தது வெறும் கம்பியை. சரிவில கொஞ்சநேரம் நிண்டதே கடவுள் புண்ணியம்."

கௌசிக்கும் சுதனுக்கும் கலியாணமாகி மூன்று வருடமாகிறது. இராசமணி ரீச்சர் எந்த விசேடத்திலும் இந்தக் கதையைச் சொல்லாமல் எழும்ப மாட்டா. ஒவ்வொரு முறையும் தண்ணீர் மட்டும் கொஞ்சம் உயர்கிறது. கலியாண வீட்டில் முழங்கால் அளவு என்றா. வளைகாப்பில் இடுப்பளவு. போன மாதம் பேத்தியின் முதலாவது பிறந்தநாளில் கழுத்தளவு வந்துவிட்டது. குடையை மட்டும் தண்ணீருக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தாவாம். எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

கணுக்கால்தான் நனைந்தது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் அதைத் திருத்தவில்லை. திருத்துகிற வேலையை நான் விட்டு நாலு வருடமாகிறது.