நேசமலர் திருத்திய பாடங்கள்

வெள்ளவத்தை,
12.06.2007

அன்புள்ள மருமகன் சிவானந்தனுக்கு,

நாங்கள் சுகம். மெல்பேர்ணில் உங்கள் சுகத்தைப் பிள்ளையார் பார்த்துக்கொள்வார். மின்னஞ்சலையும் யாராவது இடையில் திருத்திவிடுவார்களோ என்று பயந்து தபாலில் எழுதுகிறேன். அந்தப் பயத்தைத் தந்தவன் நீதான்.

"விக்கியில பாடம் எழுதுங்கோ மாமா, ஆரும் சேர்ந்து எழுதலாம்" என்று போன மார்கழியில் அதை இணையத்தில் நிறுவிவிட்டுப் போனாய். மாணவர்களும் எழுதலாம் என்று சொன்னாயா? முதல் வாரமே என் உயிரியல் பாடம் மாறியிருக்கக் கண்டு, மடிக்கணினியை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். திங்கட்கிழமை திறந்தால் இன்னும் ஏழு திருத்தம்! அலுமாரித் திறப்புக்கொத்து என் இடுப்பில்தான் இருந்தது. பிறகு ஒருநாள் வகுப்பில், சுவரில் காட்டிய பக்கத்தை விட்டு அடுத்ததற்குப் போய்த் திரும்பி வந்தால், நான் வாசித்த வரியையே காணவில்லை. பின்வரிசை வாங்கில் கணினியோடு இருந்த நேசமலர் எழும்பி, "பிழையாக் கிடந்தது சேர், திருத்திட்டன்" என்றாள். வகுப்பே சிரித்தது. திருத்தங்கள் பெரும்பாலும் சரியானவை என்பதுதான் என் கோபம்.

போன வியாழன் அவள் வரவில்லை. ஊரிலிருந்து வந்து லொட்ஜில் தங்கிப் படித்த பிள்ளை. விசாரிக்கப் போனேன். லொட்ஜைப் பார்த்துக்கொள்ளும் முஹம்மது குரலைத் தாழ்த்தி, "விடிய பொலிஸ் வந்து தமிழாக்கள் எல்லாரையும் பஸ்ஸில ஏத்திட்டாங்க சேர். அரை மணித்தியாலந்தான் குடுத்தாங்க. வடக்க, வவுனியாப் பக்கமாம்" என்றார். ஐந்து நாளாகிறது. அவள் தொலைபேசி வேலை செய்யவில்லை.

நேற்று கணித ஆசிரியர் இரத்தினசிங்கம், "உம்மட பாடம் முழுக்க அந்தப் பிள்ளையின்ர பேர் கிடக்காம். நாளைக்கு வந்து கேட்டா என்ன சொல்லப்போறீர்?" என்றார். வீட்டுக்கு வந்ததும் கணினியைத் திறந்தேன். அவள் எழுதியதை நானே அழித்துப் பார்த்தேன். "நேசமலர் எழுதியதைச் சவுந்தரநாயகம் அழித்தார்" என்று நேரத்தோடு அதையும் விக்கி எழுதி வைத்துவிட்டது! ஆகையால் நீ அங்கிருந்தே அவள் பெயரை அடியோடு நீக்கிவிடு. எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் நீக்கு. வாசித்ததும் கடிதத்தைக் கிழித்துவிடு.

மாமி பாலேஸ்வரி எல்லோரையும் சுகம் கேட்டதாக எழுதச் சொன்னாள். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி.

பயத்துடன்,
மாமா சவுந்தரநாயகம்

பி.கு.: உறையை ஒட்டுமுன் நாளைய பாடத்தைத் திறந்தேன். தவளையின் இதயத்துக்கு நான்கு அறை என்று நேற்றைய பதற்றத்தில் எழுதியிருந்தேன். இன்று காலை அது மூன்றாகியிருக்கிறது. கீழே குறிப்பு: "சேர், வவுனியாவில சித்தி வீட்டில நிக்கிறன். பாடத்தை நிப்பாட்டாதேங்கோ. நேசமலர்." தம்பி, ஒன்றையும் நீக்காதே. கேட்க வருகிறவர்களிடம் அவள் என் மாணவி என்று சொல்கிறேன். இனி ஒவ்வொரு பாடத்திலும் ஒரு பிழையை வேண்டுமென்றே விடப்போகிறேன். அவள் சுகமாக இருக்கிறாள் என்று அறிய எனக்கு வேறு வழியில்லை.