மாமாவின் வீடும் என் பாதுகாப்புத் திட்டமும்

சாந்தா ரொசாலியா புனிதையின் மலைக்கோயிலுக்குச் செருப்பில்லாமல் நடந்து ஏறி, ஒரு கீறல்கூட இல்லாமல் இறங்கி வந்தவர் என் மாமனார் அருளையா. அப்படிப்பட்டவர், மறுநாள் தன் சொந்தக் குளியலறையில் சவர்க்காரத் துண்டில் கால் வைத்து விழுந்தார். இடுப்பெலும்பு உடைந்தது.

அவர் விழுந்தது திங்கட்கிழமை. அவருடைய வீட்டைக் காப்பாற்றியே தீருவது என்று நான் சபதம் எடுத்தது செவ்வாய்க்கிழமை. அவரைக் காப்பாற்றுகிற வேலையை என் மனைவி எமிலியானா பார்த்துக்கொண்டாள். எங்கள் வீட்டில் வேலைப் பங்கீடு எப்போதும் அப்படித்தான். பெரிய விஷயங்களை நான் யோசிப்பேன். மிச்சத்தை அவள் செய்வாள்.

யோசிக்க எனக்கு நேரமும் இருந்தது. பிரான்காச்சோவில் நான் காவல் பார்த்த பட்டறையை மூடி மாதக் கணக்காகிவிட்டது. தினமும் காலையில் வேலை தேடப் புறப்படுவேன். பொலிதேயாமா சதுக்கம் வரை தேடுவேன். அங்கே ஒரு கோப்பிக்கடையில் என் கூட்டாளி ஏர்னஸ்ற் இருப்பான். அதோடு தேடல் முடிந்துவிடும்.

மாமாவின் வீடு ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், மூன்றாம் மாடியில் இருக்கிறது. இரண்டு அறை, ஒரு பல்கனி, லிஃப்ட் கிடையாது. மன்னாரிலிருந்து இத்தாலிக்கு வந்த மனிதர், ஹோட்டல் குசினியில் ஆயுள் முழுக்கக் கோப்பை கழுவி வாங்கிய வீடு அது. பல்கனியில் நின்றால் ரயில் தெரியாது, ரயில் அறிவிப்பு மட்டும் கேட்கும். எந்த ரயில் எவ்வளவு தாமதம் என்று யாரும் கேட்காமலே மாமா எல்லாருக்கும் சொல்லுவார்.

இனி அவர் தனியாக இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதியோர் இல்லத்தில் விடலாமென்றால், அங்கே கேட்கிற மாதக் காசு அவருடைய பென்சனைவிடக் கூட. மிச்சத்தை யார் கட்டுவது என்று ஏர்னஸ்றைக் கேட்டேன்.

“வீடுதான் கட்டும், மச்சான்.”

“வீடு எப்பிடியடா கட்டும்?”

“கிழவருக்குச் சொந்த வீடிருக்கெண்டால் அதை வித்துக் கட்டச் சொல்லுவாங்கள். முதல்லை பல்கனி போகும். பிறகு குசினி போகும். கடைசியிலை கிழவர் மட்டும் மிஞ்சுவார்.”

“அதுக்கு என்னடா வழி?”

“இப்பவே ஒரு நம்பிக்கையான ஆளின்ரை பேருக்கு வீட்டு உறுதியை மாத்திப்போடு. கிழவருக்குச் சீவிய உரித்து வைச்சால் சாகுமட்டும் இருக்கலாம். ஆனா வீடு அவற்றை இல்லை. இல்லாத வீட்டை ஆர் விக்கிறது?”

நம்பிக்கையான ஆள். நான் கோப்பிக்கடையைச் சுற்றிப் பார்த்தேன். ஏர்னஸ்றும் நானும்தான் இருந்தோம். ஏர்னஸ்ற் மாமாவுக்குச் சொந்தமில்லை. அப்போதே என் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது: கீழ் வாசலில் மணி அழுத்துகிற பலகை, அதில் ‘டெனிஸ்டன்’ என்று என் பெயர். மாமாவுக்கு இல்லத்தில் சீட்டு விளையாட ஆள் கிடைக்கும். எனக்கு வீடு கிடைக்கும். எல்லாருக்கும் நல்லதுதானே.

வீட்டுக்கு வந்ததும் எமிலியானாவைக் கூப்பிட்டேன்.

“இஞ்சேரும், அப்பாவின்ரை வீட்டை உடனை பேர் மாத்தோணும்.”

“ஆற்றை பேருக்கு?”

“நம்பிக்கையான ஒரு ஆளின்ரை பேருக்கு.”

“ஆர் அந்த ஆள்?”

“அதை நான் என்ரை வாயாலை எப்பிடிச் சொல்லுறது?”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “வீடெண்டால் பொம்பிளைப்பிள்ளைக்கு எழுதுறதுதானே எங்கடை வழக்கம்?”

“அது சீதனம். நான் சீதனம் வேண்டாம் எண்டு உம்மைக் கட்டினவன். மறந்துபோனீரோ?”

“மறக்கேல்லை. அப்ப அப்பாட்டை வீடு இருக்கேல்லை.”

இப்படி ஞாபகசக்தியுள்ள பெண்ணைக் கட்டியவன் எதிர்த்துப் பேசக் கூடாது. நான் நேரே மாமாவிடம் போவதென்று தீர்மானித்தேன்.

எமிலியானா வைத்த நண்டுச் சாற்றை, நானே வைத்தது மாதிரித் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாமா பாதியாய்ப் போயிருந்தார்.

“வீட்டைப் பற்றி ஒண்டும் யோசியாதேங்கோ, மாமா.”

“வீட்டைப் பற்றி யோசிக்கேல்லை, தம்பி. எங்கை கிடந்து சாகிறதெண்டுதான் யோசிக்கிறன். முன்னைப்பின்னை தெரியாத சனத்தோடை ஒரு ஹோலுக்குள்ளை கிடக்க எனக்கு ஏலாது. என்ரை கட்டிலிலை, பல்கனிக் கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு போகோணும். அவ்வளவுதான்.”

பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதி இல்லாமல் இந்த ஊரில் வந்து இறங்கிய என்னைத் தன் வாடகை அறையில் படுக்க வைத்துச் சோறு போட்டவர் இவர். பிறகு மகளையும் தந்தார். அவரை இல்லத்துக்கு அனுப்ப நினைத்த என் மேல் எனக்கே கோபம் வந்தது. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

“உங்களை நான் ஒரு இடமும் விடமாட்டன், மாமா. சாப்பாடு, மருந்து, குளிப்பாட்டுறது எல்லாம் நான் பாப்பன். உள்ளங்கையிலை வைச்சுப் பாப்பன்.”

மனதாரத்தான் சொன்னேன். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த மாதிரி விஷயங்களில் ‘நான்’ என்று நான் சொன்னால், அது எமிலியானாவைக் குறிக்கும்.

திரும்பிப் பார்த்தால் வாசலில் அவளே நின்றாள். கண் கலங்கியிருந்தது. நான் அதைப் பாசம் என்று நினைத்தேன். பாசம்தான். ஆனால் கூடவே மூளையும் ஓடியிருக்கிறது.

“அப்ப சரி,” என்றாள். “நான் வேலை செய்யிற வீட்டுச் சிஞ்ஞோராவின்ரை தங்கச்சி, உறுதி எழுதுற நொத்தாரிசு. அவவிட்டை நாள் கேக்கிறன்.”

அந்த நாளும் வந்தது. நான் கலியாணக் கோட்டுப் போட்டுக்கொண்டு போனேன். பொத்தான் எட்டவில்லை, மூச்சைப் பிடித்துச் சமாளித்தேன். மாமா சக்கர நாற்காலியில் வெள்ளைச் சேட்டோடு மாப்பிள்ளை மாதிரி இருந்தார்.

இந்த நாட்டில் நொத்தாரிசு உறுதியை எல்லார் முன்னிலையிலும் உரத்து வாசிப்பார். என்னுடைய இத்தாலியன் மரக்கறிக் கடை இத்தாலியன். ஆனாலும் பெயர்கள் விளங்கும். முதலில் மாமாவின் பெயர் வந்தது. அடுத்ததாக எமிலியானாவின் பெயர் வந்தது.

“என்ன, உம்மடை பேரை வாசிக்கிறா?” என்று காதுக்குள் கேட்டேன்.

“வீடு எனக்கு. சீவிய உரித்து அப்பாவுக்கு.”

“நம்பிக்கையான ஆளின்ரை பேருக்கெண்டல்லோ சொன்னனான்?”

“ஓம். அதுதான்.”

நான் வாயை மூடுவதற்குள் நொத்தாரிசு ‘சிஞ்ஞோர் டெனிஸ்டன்’ என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வாசிப்பு நீண்டுகொண்டே போனது. என் பெயருக்குப் பின்னால் இவ்வளவு சொத்தா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

“என்னவாம்?”

“நீங்கள் அப்பாவோடை அந்த வீட்டிலை இருந்து, சமைச்சுக் குடுத்து, குளிப்பாட்டி, மருந்து குடுத்து, வெளியிலை கூட்டிக்கொண்டு போய், அவர் இருக்குமட்டும் பாக்கிறதாம்.”

“நானோ?”

“சும்மா எழுதிக் குடுத்தால் பிறகு ஆரும் கேள்வி கேக்கலாமாம். பராமரிப்புக்குப் பதிலா வீட்டைக் குடுத்தால் உறுதி பலமாம்.”

“பராமரிக்கிறது நான், வீடு உமக்கோ?”

“நானும் நீங்களும் வேறை வேறையோ?”

“நான் வேலையெல்லோ தேடிக்கொண்டிருக்கிறன்.”

“கிடைச்சிட்டுதே.”

நொத்தாரிசு கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்து, சம்மதமா என்று கேட்டார். நான் யோசிக்கக் கொஞ்சம் அவகாசம் கேட்டிருப்பேன். அதற்குள் மாமா தன் ஹோட்டல் குசினி இத்தாலியனில் தொடங்கிவிட்டார். ஆஸ்பத்திரியில் நான் சொன்னதை, உள்ளங்கை உட்பட, ஒரு சொல் விடாமல் சொன்னார். சொல்லிவிட்டு அழுதார். நொத்தாரிசு மூக்கைத் துடைத்தார். இப்படிப்பட்ட மருமகன் இத்தாலியர்களுக்குக் கிடைப்பதில்லை என்றார். பிறகு என்ன செய்வது? கையெழுத்து வைத்தேன். என்னிடம் பேனா இருக்கவில்லை. எமிலியானா கொண்டுவந்திருந்தாள்.

வாடகை வீட்டை விட்டுவிட்டு இப்போது மூன்றாம் மாடியில் மூன்று பேரும் இருக்கிறோம். எமிலியானா காலையில் வேலைக்குப் போகிறாள். நான் கஞ்சி காய்ச்சுகிறேன், மாமாவைக் குளிப்பாட்டுகிறேன், பல்கனியில் உட்கார வைக்கிறேன். சவர்க்காரத்தை எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறேன். கத்தானியா ரயில் பிந்துதாம் என்று அவர் சொல்ல, நான் கவலைப்படுகிறேன். உள்ளதைச் சொன்னால், அந்தக் கிழவரோடு இருப்பது எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது. இதை எமிலியானாவிடம் சொல்லிவிடாதீர்கள். ஏர்னஸ்ற் மட்டும் சில நேரம் கீழே நின்று விசிலடித்துவிட்டுப் போவான்.

போன கிழமை, மாமா கண்ணயர்ந்த நேரம் பார்த்து எமிலியானாவிடம் கொஞ்சம் பெருமையடித்தேன்.

“பாத்தீரோ, என்ரை திட்டத்தாலை வீடு தப்பிச்சுது. அப்பாவும் தன்ரை கட்டிலிலை படுக்கிறார்.”

“ஓம்.”

“நாளைக்கு எனக்கு வயசு போனாலும் பயமில்லை. என்னையும் ஒருத்தரும் இல்லத்திலை கொண்டுபோய் விடேலாது. எனக்கும் வீடிருக்கு, பாக்க நீர் இருக்கிறீர்.”

அவள் வேலைக்குப் போகக் கைப்பையைத் தோளில் மாட்டினாள்.

“வீடு என்ரை. உங்களைப் பாக்கிறதெண்டு நான் இன்னும் ஒண்டிலையும் கையெழுத்து வைக்கேல்லை. அப்பாவை நீங்கள் எப்பிடிப் பாக்கிறியளெண்டு பாத்துத்தான் முடிவெடுப்பன்.”

அன்று மாமா போதும் போதும் என்று சொல்லியும், நான் அவருடைய காலைப் பிடித்துவிடுவதை நிறுத்தவில்லை.