டார்லாவின் கைப்பை

தன் மனைவி டார்லா துப்பாக்கியை எங்கே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்வதென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வெண்டல் தீர்மானித்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் அவர் எடுத்த முதல் தீர்மானம் அது. ஜன்னல் திரையின் நிறத்தைக்கூட அவரைக் கேட்டு யாரும் வாங்கியதில்லை.

விளையாட்டுக்கு எடுத்த தீர்மானமும் இல்லை. டார்லா, அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்து மேற்குக் கோடியில் பண்ணை பண்ணையாகப் போய், படுக்கையில் கிடக்கும் முதியவர்களைக் கவனிக்கும் நர்ஸ். போன வருஷம் லைல் பக்னர் என்பவனின் தாயாருக்குப் புண் கட்டப் போன இடத்தில், அவன் மனைவி ட்ரீசாவின் கழுத்தில் விரல் பதிந்த தடங்களைப் பார்த்தாள். படம் எடுத்தாள். கோர்ட்டில் சாட்சியும் சொன்னாள். லைல் ஜெயிலுக்குப் போனான். ட்ரீசா வேறு மாநிலத்துக்குப் போய்ப் பெயரை மாற்றிக்கொண்டாள். அவள் இருக்குமிடம் அந்த வட்டாரத்தில் டார்லா ஒருத்திக்குத்தான் தெரியும். வெண்டலுக்குக்கூடச் சொல்லவில்லை.

இப்போது லைல் வெளியே வந்துவிட்டான். வந்த வாரமே டார்லாவின் காரில் ஒரு சக்கரத்து நட்டுகள் எல்லாம் தளர்ந்திருந்தன. நெடுஞ்சாலையில் வண்டி ஆடத் தொடங்கியதுமே ஓரம் கட்டினாள், அதனால் பிழைத்தாள். யார் தளர்த்தியது என்பதற்குச் சாட்சி இல்லையே என்று ஷெரிஃப் ஆட்கள் கையை விரித்துவிட்டார்கள். லைல் அவளை நெருங்கக் கூடாதென்று கோர்ட் உத்தரவு இருந்தது. உத்தரவு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டா நிற்கும்?

துப்பாக்கி வீட்டில் இருந்தது. டார்லாவுக்கு வெண்டலைவிட நன்றாகச் சுட வரும். உறைதான் இல்லை. வெண்டல் உறை தேடக் கிளம்பினார். உறை தேடியதைவிட அதைப் பற்றி உரை ஆற்றியதுதான் அதிகம்.

முதலில் பெல்ட்டில் மாட்டும் தோல் உறை வாங்கி வந்தார். நர்ஸ் சீருடைக் கால்சட்டைக்கு ஏது பெல்ட்? வெறும் நாடாதான். குண்டில்லாத துப்பாக்கியைச் செருகிக்கொண்டு அடுக்களையில் நடந்து பார்த்தாள். கால்சட்டை முழங்காலுக்கு இறங்கிவிட்டது.

"லைல் வந்தான்னா சிரிச்சே செத்துடுவான். குண்டு மிச்சம்," என்றாள்.

அடுத்து தொடையில் கட்டுவது. நடந்தால் தோலை உரித்தது. கணுக்காலில் கட்டுவது பிரேக்கை மிதிக்க விடவில்லை. மார்போடு மாட்டுவதை மாட்டிக்கொண்டு நோயாளியைப் புரட்டக் குனிந்தால் பிடி விலாவில் குத்தியது. ஆம்பளைகள் ஆம்பளைகளுக்காகச் செய்துவிட்டு, ரோஸ் கலர் அடித்துப் பொம்பளைகள் தலையில் கட்டுகிறார்கள் என்று டார்லா சொன்னாள்.

கடைசியில் வெண்டல் கொண்டுவந்தது ஒரு கைப்பை. பக்கவாட்டில் ரகசிய அறை, அதற்குத் தனி ஜிப். பையை எவனும் பிடுங்கலாம், கடையில் மறந்து வைத்துவிடலாம், உடம்போடு இருப்பதுதான் துணை, விசையைக் கெட்டியான உறை மூடியிருக்க வேண்டும் என்றெல்லாம் துப்பாக்கிக் கடைக்காரப் பெண்மணி எச்சரித்திருந்தாள். வெண்டலின் காதில் ஏறியது அசல் தோல் என்பது மட்டும்தான்.

டார்லா பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சரி வெண்டல். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள்.

அந்த வாக்கியத்தை அவர் தன் வாழ்நாளில் கேட்டதில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மனுஷனுக்குச் சந்தோஷத்தில் தலை சுற்றியது. யாரிடமும் இதைச் சொல்லாதே என்று அவள் கேட்டுக்கொண்டாள். பைபிள் மேல் கை வைக்காத குறையாக வாக்குக் கொடுத்தார்.

வாக்கை மீறவில்லை என்றுதான் அவர் இன்றைக்கும் சொல்வார். மறுநாள் காபிக் கடையில், பிஸ்கட் என்று அங்கே சொல்லும் பன்னைக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டே, பழைய நண்பர் ஹாய்ட் ஒருவரிடம்தான் சொன்னார். ஹாய்ட்டுக்குக் காது மந்தம். அதனால் கொஞ்சம் உரக்கச் சொன்னார். பக்கத்து மேஜையில் லைலின் சித்தப்பா முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வியாழக்கிழமை, ஊருக்கு வெளியே மிஸஸ் டகெட் என்ற கிழவியின் வீட்டில் வேலையை முடித்து டார்லா முற்றத்தில் இறங்கினாள். தானியக் கொட்டகையின் பின்னாலிருந்து லைல் வந்தான். கையில் இரும்புக் குழாய். வேறெதையும் பார்க்காமல் நேரே அவள் தோளிலிருந்த பையைப் பறித்து, முள்வேலிக்கு அப்பால் எறிந்தான். பிறகு நிதானமானான்.

"இப்ப சொல்லு. ட்ரீசா எங்க?"

டார்லா சீருடைச் சட்டையின் ஓரத்தைத் தூக்கினாள். வயிற்றைச் சுற்றிய அகலமான எலாஸ்டிக் பட்டையிலிருந்து துப்பாக்கி அவள் கைக்கு வந்தது. குழாயைப் போட்டுவிட்டுச் சேற்றில் குப்புறப் படுக்கச் சொன்னாள். படுத்தான். ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்த மிஸஸ் டகெட் ஷெரிஃபுக்குப் போன் செய்தாள். ஷெரிஃப் ஆட்கள் வந்து சேரும்வரை, ட்ரீசா கிடைத்தால் அவளை எப்படிக் கொல்வேன் என்று லைல் சேற்றில் முகம் வைத்தபடியே சொல்லிக்கொண்டிருந்தான். டார்லா அத்தனையும் கேட்டுக்கொண்டு நின்றாள். அவனுக்கு விலங்கு மாட்டிய பிறகுதான் அவள் துப்பாக்கியை இறக்கினாள். 

தகவல் கேட்டு வெண்டல் ஓடி வந்தபோது அவள் படியில் உட்கார்ந்திருந்தாள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு பையை எடுத்துவந்து ரகசிய அறையைத் திறந்தார். உள்ளே, கனத்துக்காக, ஒரு பீன்ஸ் டப்பா இருந்தது.

"பையிலதான் வச்சிருக்கேன்னு சொன்னியே?"

"உன்கிட்ட சொன்னேன்."

"யார்கிட்டயும் சொல்லாதேன்னும் சொன்னியே?"

"அப்படிச் சொன்னாத்தானே நீ சீக்கிரம் சொல்லுவே. துப்பாக்கிக்கு உறை கிடைச்சுது வெண்டல். உன் வாய்க்குத்தான் எங்க தேடியும் கிடைக்கல."

சக்கரம் ஆடிய மறுநாளே அவள் அந்தக் கடைக்காரப் பெண்மணியிடம் போயிருக்கிறாள். விசையை மூடும் கெட்டி உறை தைத்த பட்டை அது. அன்றிலிருந்து விழித்திருக்கும் நேரமெல்லாம் இடுப்பில்தான். காலையில் அணைத்துக்கொள்ளும்போது அது வெண்டலின் கையிலும் தட்டுப்பட்டதுதான். முதுகுவலிக்குக் கட்டியிருக்கிறாள் பாவம் என்று நினைத்து, தைலம்கூட வாங்கி வந்திருந்தார்.

அவருக்குக் கோபம் வந்தது. வந்த கோபம் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. தான் நினைத்தபடி எல்லாம் நடந்திருந்தால் இந்நேரம் அவள் அந்தச் சேற்றில் கிடந்திருப்பாள். அதைச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் டார்லாவே சொன்னாள்:

"ஆமா. எனக்குப் பின்னாடி ட்ரீசாவும்."

வீடு திரும்பும்போது வெண்டல் வண்டியை ஓட்டினார். லைல் எப்படியும் ஒருநாள் திரும்பவும் வெளியே வருவான். அது இருவருக்கும் தெரியும்.  கடைசியில் அவர்தான் தயங்கித் தயங்கி, ஊர் முழுக்க விஷயம் தெரிந்துவிட்டதே, இனிமேல் துப்பாக்கியை எங்கே வைத்துக்கொள்வாய் என்று கேட்டார்.

டார்லா தன் காலைப் பார்த்தாள்.

"பூட்ஸுக்குள்ள," என்றாள். "நாளைக்குக் காபிக் கடையில சொல்லிடு."